முள் இறங்கிய வளைவு

லார்பி மாஸ்டரின் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எதையோ மறைத்துக் கதை சொன்னேன் என்று பின்னால் ஒருவரும் பேசக் கூடாது. மலையடிவாரத்து ஊரான இன்காவ்காவில் மெக்கானிக்குகள் கடை போட்டிருக்கும் அந்த எண்ணெய்த் தரையில், எந்தப் பழைய வண்டி இருமினாலும் அவனிடம்தான் போகும். கை சுத்தமா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்பேன். என் பிழைப்பு அந்தக் கையில் இருந்தது.

நான் ஆள் ஏற்றி ஓட்டும் வேன் டுஃபி மேடத்துடையது. சந்தையில் துணிக்கடை வைத்திருக்கிறாள். அவளிடம் பேரம் பேசி ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை. எனக்கும் அவளுக்கும் இங்கே எல்லா டிரைவர்களும் போடுகிற ஒப்பந்தம்தான். வாராவாரம் கட்டிக்கொண்டே ஓட்ட வேண்டும், கட்டி முடித்தால் வண்டி டிரைவருக்கு. நடுவில் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் தவறினால் வண்டி திரும்ப அவளுக்கே. ஈஸ்டர் வந்தால் என் கணக்கு முடிகிறது. ஈஸ்டருக்குக் குவாஹு மலைக்கு நாடே ஏறி வரும். அந்த ஒரு வாரம் சொந்த வண்டியில் மேலும் கீழும் ஓடப் போகிறேன் என்று என் மனைவியிடம் சொல்லிச் சொல்லியே அவளுக்குக் காது புளித்துவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான், மலை ஏறுகையில் இஞ்சின் சூடு காட்டும் முள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் மேலே நிற்பதைக் கவனித்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. போதாத காலம், லார்பியிடம் கொண்டுபோனேன்.

அவன் மேல் குழாயைக் கழற்றி, மூடியைத் திறந்து, உள்ளேயிருந்த தெர்மோஸ்டாட்டை, சூட்டுக்கு ஏற்பத் தண்ணீருக்கு வழி திறந்து மூடும் அந்தச் சின்ன வால்வை, இரண்டு விரலால் எடுத்துப் பழைய சாமான் தட்டில் எறிந்தான்.

"இந்த ஊரு வெயிலுக்கு இது எதுக்கு டிரைவர்? பனி பெய்யுற ஊருல இஞ்சினுக்குப் போட்டு விடுற சட்டை இது. கழட்டிட்டேன், இனிமே காத்தாட ஓடும்."

அங்கே எல்லா மாஸ்டரும் இதையேதான் சொல்வார்கள், எல்லா வண்டியிலும் இதையேதான் செய்வார்கள். மூடியை மறுபடி பூட்டினான், போ என்றான்.

காத்தாட ஓடிய லட்சணத்தைக் கேளுங்கள். அதற்குப் பிறகுதான் சனியன் பிடித்தது. மலையில் பாதி ஏறுவதற்குள் முள் சிவப்பைத் தொட்டுவிடும். ஓரம் கட்டி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றுவதற்குள் பயணிகள் என் குலத்தையே திட்டிவிட்டு அடுத்த வண்டியில் ஏறிப் போய்விடுவார்கள். நாலு நடை போகிற இடத்தில் இரண்டுகூடத் தேறவில்லை. வாரத் தவணை தவறத் தொடங்கியது. லார்பியிடம் ஓடினால், வண்டியை நிறுத்தி வைத்தபடியே நெடுநேரம் இஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பான். முள் அசையாது. கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது.

"ஒண்ணுமே இல்லையே. மலையில மட்டும் சூடாகுதா? உன் இஞ்சினுக்கு மலைன்னா பயமா?" என்பான். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

எனக்குள் ஏதோ இடித்தது. சூடு கொஞ்சமாக இருந்த வண்டி, இவன் கை பட்ட பிறகு அதிகமாகச் சூடாவானேன்? ஒரு மதியம் அவன் சாப்பிடப் போயிருந்தபோது தட்டிலிருந்து என் தெர்மோஸ்டாட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலில் கென்கே விற்கும் கோர்கோரிடம் போனேன். மக்காச்சோள உருண்டைகள் பெரிய பானையில் கொதித்துக்கொண்டிருந்தன.

"தங்கச்சி, இதைக் கொஞ்சம் பானைக்குள்ள விட்டுப் பாக்கணும்."

"என்னண்ணே அது?"

"வண்டிச் சாமான். கொதிதண்ணியில வாய் திறந்தா நல்லது, திறக்கலேன்னா கெட்டது."

"என் பானையில கிரீஸ் மிதந்தா சாயங்காலம் யார் வாங்கித் தின்பா? உங்க மேடமா?"

கடைசியில், உருண்டைகளை எடுத்த பிறகு மிஞ்சிய தண்ணீரில் விட அனுமதித்தாள். கம்பியில் கட்டி இறக்கினேன். சற்று நேரத்தில் அது அழகாக வாய் திறந்தது. வெளியே எடுத்ததும் மெல்ல மூடிக்கொண்டது. துளிக் குறை இல்லை.

நல்ல சாமானை எதற்குக் கழற்றி எறிந்தான்? அன்று சாயங்காலமே பதில் கிடைத்தாற்போல் இருந்தது. டுஃபி மேடத்தின் கடையில், துணிக் கட்டுகளுக்கு நடுவே, லார்பி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். கூட்டுக் களவாணிகள் என்று என் மனம் அப்போதே எழுதி முத்திரை குத்திவிட்டது. ஈஸ்டர் நெருங்குகிறது. வண்டியைக் கெடுத்தால் நான் தவணை தவறுவேன், தவறினால் வண்டி அவளுக்கு. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பா வேண்டும்?

மேடமே வாயைத் திறந்தாள். "அசியாமா, மாஸ்டர் சொல்றாரு வண்டியில ஒரு கோளாறும் இல்லைன்னு. தினமும் சூடு சூடுன்னு என் காதுல பூ சுத்துறியா? நடை எல்லாம் ஓட்டிட்டு, காசை ஒதுக்கிட்டு, எங்கிட்ட வந்து அழறியா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நீங்களே வந்து பாருங்க மேடம். முன் சீட்டுல உக்காந்து உங்க கண்ணால பாருங்க."

"வர்றேன். மலை மேல இம்ப்ரேசோ ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள முள்ளு சிவப்பைத் தொட்டா, விட்ட வாரத்தை எல்லாம் நான் மறந்துடுறேன், ரிப்பேரும் என் செலவு. தொடலேன்னா சாவியைக் குடுத்துட்டு நடையைக் கட்டு. நடுவுல எங்கயும் ஓரம் கட்டி நாடகம் போடக் கூடாது. நிறுத்தினாலும் சாவி எனக்கு. மாஸ்டரும் வரட்டும்."

சரி என்றேன். இத்தனை வாரமும் பாதி மலையில் சிவப்பைத் தொட்ட முள் அன்றைக்கு மட்டும் தொடாமல் போய்விடுமா?

ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஜெபம் முடிந்ததும் கிளம்பினோம். வெறும் வண்டி நோகாமல் ஏறிவிடும் என்று நானே பின்னால் சிமெண்ட் மூட்டைகளை ஏற்றினேன். மேடம் கோயில் உடையோடு என் பக்கத்தில். லார்பி அவளுக்குப் பின்னால். அவள் சாலையைப் பார்க்கவே இல்லை, முள்ளையே முறைத்துக்கொண்டு வந்தாள்.

முதல் வளைவில் முள் எழுந்தது. இரண்டாவதில் சிவப்புக்கு ஒரு விரல் அகலம் கீழே நின்றது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். சொந்த வண்டி கொதிக்க வேண்டும் என்று வேண்டுகிற நிலைமை என் எதிரிக்கும் வரக் கூடாது. மூன்றாவது வளைவில் திரும்பியபோது முள் சட்டென்று கீழே விழுந்தது. குளிர்ந்த இஞ்சின் போல அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

கோகோ லாரி ஓட்டிய காலத்தில் ஒரு தடவை இதைப் பார்த்திருக்கிறேன். முள்ளுக்குச் சேதி சொல்கிற சென்சார் தண்ணீருக்குள் முங்கி இருக்க வேண்டும். தண்ணீர் மொத்தமும் போய்விட்டால் அது வெறும் காற்றில் நிற்கும், சூடு அதற்குத் தெரியாது. முள் இறங்கினால் இஞ்சின் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. இஞ்சின் வறண்டு வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"பாத்தியா," என்றாள் மேடம். "தானா இறங்கிடுச்சு."

"மேடம், இது நல்லதுக்கு இறங்கலை. உள்ள தண்ணி இல்லை."

"ஏறினாலும் சூடுங்கிற, இறங்கினாலும் சூடுங்கிற. முள்ளு என்னதான் பண்ணணும், எழுந்து நின்னு டான்ஸ் ஆடணுமா? நிறுத்தினா சாவி, ஞாபகம் இருக்கட்டும்."

கண்ணாடியில் லார்பியைப் பார்த்தேன். வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மாஸ்டருக்கு இது தெரியாதா? தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிறான், இஞ்சின் என் கையில் செத்தால் பழி என் தலையில் என்று திட்டம் போட்டுத்தான் வந்திருக்கிறான். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் இறங்கினேன்.

"நான் நிறுத்தலை மேடம், ஆளை மாத்துறேன். கோளாறு இல்லைன்னு சொல்றது மாஸ்டர்தானே, மிச்ச மலையை அவரே ஓட்டட்டும். வாங்க மாஸ்டர்."

அவன் மறுப்பான். மறுத்தே ஆக வேண்டும். வறண்ட இஞ்சினைத் தெரிந்தே எவன் ஓட்டுவான்? அந்த மறுப்பு ஒன்று போதும், மேடத்தின் முன்னால் அவன் முகமூடி கழன்றுவிடும். இதுதான் என் கணக்கு.

லார்பி சிரித்தபடி இறங்கி வந்தான். "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? தள்ளு." வேட்டைக்குப் போகிறவன் போலக் குஷியாக ஏறி உட்கார்ந்து, முள்ளை ஒரு தடவை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, கியரைப் போட்டான். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

அவன் விசில் அடித்துக்கொண்டே ஓட்டினான். அந்த விசிலைக் கேட்டபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவனுக்கு எதுவும் தெரியாது. திட்டமும் இல்லை, களவும் இல்லை. முள்ளை நம்புகிற வெறும் முட்டாள். எல்லாரும் கழற்றுகிறார்கள் என்று கழற்றியவன். இத்தனை நாள் நான் ராத்திரி தூங்காமல் கட்டிய கோட்டை அத்தனையும் பொய்.

அந்த நிமிடமே நிறுத்து என்று கத்தியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. கத்தினால் நாடகம் என்பாள், சாவி போகும். இன்னும் ஒரு வளைவு ஓடட்டும், இஞ்சினே சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும், அப்போது யாரும் என்னைப் பொய்யன் என்று சொல்ல முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே டக் டக் என்று தட்டும் சத்தம் தொடங்கியது. லார்பியின் விசில் நின்றது. தீய்ந்த வாடை வந்தது. அவன் பிரேக்கைத் தேடுவதற்குள் இஞ்சின் ஒரு உலுக்கு உலுக்கி, இறுகி, நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பிப் பார்த்தான். அசைவே இல்லை.

பானெட்டைத் திறந்தோம். ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது ஆவிகூட வரவில்லை. தெர்மோஸ்டாட் இருந்த இடத்து மூடியைக் கழற்றிப் பார்த்தால், அடியில் ரப்பர் வளையத்துக்குப் பதிலாக, லார்பி பால் டப்பா அட்டைப்பெட்டியை வெட்டி வைத்திருந்தான். கீழே சும்மா நிற்கும்போது அது தாங்கும். மலையில் அழுத்தம் ஏறினால் தண்ணீரைக் கக்கும். கக்கிய தண்ணீர் கொதிக்கும் புகைக் குழாயில் பட்டு அங்கேயே காய்ந்துவிடும், எப்படிச் சொட்டும்? அந்தக் கடைகளில் பாதி வண்டியில் இதே அட்டைதான் இருக்கிறது.

"சத்தியமா இந்த அட்டை தண்ணியைக் கக்கும்னு எனக்குத் தெரியாது டிரைவர்," என்றான் லார்பி. குரல் உடைந்துவிட்டது. "தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கவே மாட்டேன்."

"இப்பவாவது நம்புறீங்களா மேடம்?" என்றேன். ஜெயித்துவிட்டேன் என்ற திமிர் என் குரலில் இருந்தது, அது எனக்கே கேட்டது.

மேடம் அட்டையை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லாமல் கேட்டாள்.

"முள்ளு விழுந்தப்பவே உனக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும். சொன்னேனே."

"அப்ப சொன்ன. மாஸ்டர் ஓட்டுறப்ப ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க சாவியைக் கேப்பீங்க."

"கேட்டிருப்பேன்," என்றாள். "ஆனா தன் வண்டின்னு நெனச்சவன் அவர் கழுத்தைப் பிடிச்சாவது நிறுத்தியிருப்பான். சாவி போனா போகட்டும், வண்டி பொழைக்கட்டும்னு கத்தியிருப்பான். அப்படிக் கத்தியிருந்தா, அந்த நிமிஷமே நான் உன்னை நம்பியிருப்பேன் அசியாமா. நீ அது சாகுற வரைக்கும் பின்னாடி உக்காந்து பாத்துக்கிட்டு இருந்த."

மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு வேனைக் கை காட்டி நிறுத்தி, கோயில் உடையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தபடி ஏறிக்கொண்டாள். சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவள் என்னிடம் கேட்கவே இல்லை.