நவமணி சொல்லாத பெயர்

நவமணியின் புருஷன் பெயர் பத்துமலை. இதை நான் சொல்லலாம், நீங்கள் சொல்லலாம், ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் போகிற வருகிற யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நவமணி மட்டும் சொல்ல மாட்டாள். கட்டிய புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று கல்யாணமான மறுநாளே மாமியார் சொல்லிவைத்தாள். சொன்னவள் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. சொன்னது மட்டும் நவமணியின் நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது.

சாதாரணமாக ஒரு கந்தன், வேலன் என்று பெயர் இருந்தாலும் பரவாயில்லை. முருகனுக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளை என்று கோயில் இருக்கிற மலையின் பெயரையே தூக்கி வைத்துவிட்டார்கள். அதனால் தைப்பூசத்துக்குக் கோலாலம்பூர் போனால் நவமணிக்கு அது ‘குகைக் கோயில்’தான். அதோடு விட்டதா? பத்து என்கிற எண்ணும் அவள் வாயிலிருந்து போய்விட்டது. பூக்காரியிடம் ‘ஒம்பதுக்கு மேல ஒண்ணு குடு’ என்பாள். மீன்காரச் சீனரிடம் மலாயில் ‘செப்புலோ’ என்று அதே பத்தைச் சொல்ல மட்டும் அவளுக்கு ஒரு பயமும் கிடையாது. எமனுக்கு மலாய் தெரியாது என்று நினைத்தாளோ என்னவோ!

மூத்தவன் ராஜு பிறக்கும்வரை புருஷனுக்கு ‘இந்தாங்க’ என்று பெயர். பிறந்த பிறகு ‘ராஜு அப்பா’. அப்படியே முப்பது வருஷம் ஓடிவிட்டது.

எண்பத்து மூன்றாம் வருஷம் பத்துமலைக்கு ஐம்பது வயது முடிந்தது. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பிறந்தநாள் என்ன கொண்டாட்டம்? ஆனால் தைப்பிங் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த மகள் பாப்பா விடவில்லை. மேக்ஸ்வெல் மலையில் அரசாங்க பங்களாவில் ஓர் அறை எடுத்துவிட்டாள். அரசாங்கம் அந்த மலையின் பெயரை மாற்றி நாலு வருஷம் ஆகியும் எல்லாரும் மேக்ஸ்வெல் மலை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“அம்மா, ரெண்டு பேரும் போயி ரெண்டு ராத்திரி தங்கிட்டு வாங்க. அப்பாவுக்கு நல்ல காத்து வேணும்லா,” என்றாள் பாப்பா.

நல்ல காற்று என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம், தான் வேலை பார்க்கிற இரும்புக்கடையின் லாரியிலிருந்து சிமெண்டு மூட்டை இறக்கும்போது பத்துமலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஈப்போ ஆஸ்பத்திரியில் ஒரு தாதி புருஷன் பெயரைக் கேட்கிறாள், நவமணி விழிக்கிறாள். கூட வந்த அடுத்த வீட்டு வீரம்மாதான் பெயரைச் சொன்னாள். அந்த நேரத்தில்கூட நவமணி வாயைத் திறக்கவில்லை. அந்த நேரத்தில் எப்படித் திறப்பாள்? இருக்கிற ஆயுசையும் அவளே குறைக்கவா? அன்றிலிருந்து நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை ஒரு சின்ன டப்பியில் அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

மலை அடிவாரத்தில் சொந்தக் காரை விடமாட்டார்கள். அரசாங்க லேண்ட்ரோவரில்தான் ஏற வேண்டும். வளைவுக்கு மேல் வளைவு. நவமணி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள். பத்துமலையோ ஜன்னல் பக்கம் தலையை நீட்டிக்கொண்டு, “அங்க பாரு, தைப்பிங் ஏரி தெரியுது! இங்க பாரு, தண்ணி எப்படிக் கொட்டுது!” என்று குதியாய்க் குதித்தார். பேரன் எடுத்த மனுஷன், அவருக்கு வெட்கமே இல்லை.

மேலே போய் இறங்கினால் மேகம் பங்களா வாசலில் வந்து நிற்கிறது. மரங்களெல்லாம் அடியிலிருந்து நுனிவரை பாசி பிடித்துச் சொட்டிக்கொண்டிருந்தன. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால்மரம் வெட்டியவள் நவமணி. சொந்தக்காரர்கள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகுதான் ஈப்போவுக்கு வந்து முறுக்குச் சுடவும் கடலை வறுக்கவும் ஆரம்பித்தாள். எந்த மரத்தைப் பார்த்தாலும் அவள் கண் பட்டையைத்தான் தேடும். இங்கே பட்டையே தெரியவில்லை. இந்த மரங்களிடம் யாருக்கும் ஒரு வேலையும் இல்லை, சும்மா நனைந்துகொண்டு நிற்கின்றன என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

சாயந்தரம் பக்கத்து பங்களாவிலிருந்து இரண்டு பேர் மெதுவாக நடந்து வந்தார்கள். சிவானந்தன் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். கூட வந்தவர் அவர் மனைவி சாரதாதேவி. பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாள் திரும்பி, “சிவா, மஃப்ளரைக் கட்டுங்கோ, பனி இறங்குது,” என்றார்.

நவமணி திடுக்கிட்டுப் போனாள். பச்சையாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாரே! கிழவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். மஃப்ளரைக் கட்டிக்கொண்டு, “தம்பி, நாளைக்கு மேல் ரோட்டால நடந்து பாருங்கோ, நல்ல வடிவு,” என்று பத்துமலையின் தோளில் தட்டிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். பெயரைச் சொல்லிச் சொல்லியே அந்த அம்மாள் இவரை எழுபது தாண்ட இழுத்துவிட்டாரே என்று நவமணிக்குத் தோன்றியது. அவர்கள் ஜாதகம் வேறாக இருக்கும் என்று அந்த நினைப்பை உடனே தள்ளிவிட்டாள்.

மறுநாள் பிறந்தநாள். விடியலிலேயே விழித்துவிட்ட நவமணிக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. பங்களாச் சமையல்காரர் காப்பி கொண்டுவந்து வைத்தார். அவள் வாழ்நாளில் பிறர் கலக்கிய காப்பியை உட்கார்ந்து குடித்ததே கொஞ்சம்தான். வராந்தாவில் இருவரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“பாப்பா பங்களா எடுத்துக் குடுத்தா. ராஜு சட்டை வாங்கிக் குடுத்தான். நீ என்ன குடுக்கப் போறே?” என்றார் பத்துமலை.

“கேசரி கிண்டலாம்னு இருக்கேன். அந்தச் சமையக்காரரு அடுப்பை விட்டுக் குடுத்தா.”

“கேசரி வேணாம்லா. என் பேரச் சொல்லி ஒரு தடவ கூப்பிடு.”

கேலி என்று நினைத்து அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“செல்லாயி அக்கா செத்ததிலேருந்து என் பேரச் சொல்ல ஆளே இல்ல, நவமணி. முதலாளி என்னைத் தம்பிங்கிறாரு. பிள்ளைங்க அப்பாங்குது. உங்க அண்ணன் மச்சாங்கிறான். லாரி ஏத்துற பையனுங்க அண்ணேங்கிறானுங்க. நேத்து வந்த பெரியவரும் தம்பிங்கிறாரு. தோட்டத்துல இருந்தப்பவாச்சும் பெரட்டுல கிராணி கூப்பிடுவாரு.”

பெரட்டு என்றால், விடியும் முன்னே தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெழுதுகிற கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவது. அந்தப் பெரட்டைப் பத்துமலை திட்டாத நாளில்லை. இப்போது அதையே நினைத்து ஏங்குகிறார். கூடப்பிறந்த அந்த அக்காவைச் சுங்கை சிப்புட்டில் எரித்துவிட்டு வந்த பிறகு இவர் மூன்று நாள் பேசாமல் இருந்தது நவமணிக்கு நினைவு வந்தது. அக்காவுக்காக என்றுதான் அப்போது எண்ணியிருந்தாள்.

“பொறந்த நாளும் அதுவுமா என்ன பேச்சு இது? உங்க ஆயுசோட என்னை விளையாடச் சொல்றீங்களா? போன வருசம் ஆஸ்பத்திரியில பட்டது போதாதா?”

“ஒரே தடவதான் கேட்டேன்.”

“என்னால ஆவாது. உசிரைக் கேளுங்க, குடுக்குறேன். இத மட்டும் கேக்காதீங்க.”

“சரி, விடு,” என்றார் அவர்.

அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். காப்பியைக் குடித்து முடித்து, பழைய சட்டையைக் கழற்றி ராஜு வாங்கிக் கொடுத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, “மேல் ரோட்டுல கொஞ்சம் நடந்துட்டு வாரேன்,” என்று கிளம்பிப் போனார்.

நவமணி கேசரி கிண்டினாள். சர்க்கரை போட்டோமா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. அறைக்கு வந்து நாற்காலியில் கிடந்த பழைய சட்டையை மடிக்க எடுத்தாள். பையில் மாத்திரை டப்பி கிலுகிலுவென்றது.

டப்பியைப் பையிலிருந்து உருவினாள். வாசலுக்கு ஓடினாள். அதற்குள் மேகம் முழுதாக இறங்கியிருந்தது. முற்றத்துப் பூச்செடிகளே தெரியவில்லை. டப்பியை ஒரு கையிலும் குடையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, காலில் செருப்பு சரியாக மாட்டாமலே ரோட்டில் இறங்கினாள்.

“இந்தாங்க!” என்று கத்தினாள். “இந்தாங்க!”

“ஓம், இஞ்சை நிக்கிறன்!” என்று குரல் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் சிவானந்தன், மஃப்ளரும் கைத்தடியுமாக. இந்தாங்க என்றால் எந்தப் புருஷனுக்கும்தானே பொருந்தும்!

“எங்க வீட்டுக்காரரு மேல நடக்கப் போனாருங்க. நெஞ்சு வலிக்காரரு. மாத்திரைய விட்டுட்டுப் போயிட்டாரு.”

“பயப்படாதேங்கோ பிள்ளை. ரயிலையே கூப்பிட்ட குரல் என்ர. அவரின்ர பேரைச் சொல்லுங்கோ, நான் கூப்பிடுறன்.”

நவமணியின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வீரம்மாவும் பக்கத்தில் இல்லை.

“ராஜு அப்பாங்க,” என்றாள்.

பெரியவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கைத்தடியை ஊன்றிக்கொண்டு, “ராஜுவின்ர அப்பா! ராஜுவின்ர அப்பா!” என்று முழங்கியபடியே கீழ் வளைவுப் பக்கம் தேடப் போனார். நவமணி மேல் ரோட்டில் ஏறினாள்.

“ராஜு அப்பா!” என்று அவளும் கூப்பிட்டாள். பதில் இல்லை. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம்தான் கேட்டது. விழுந்து கிடக்கிறாரோ? பேச வராமல் கிடக்கிறாரோ? ராஜு அப்பா என்பது யார் என்றே அந்த நேரத்தில் அவருக்கு நினைவில் இல்லையோ? காலையில் ‘சரி, விடு’ என்ற முகம் கண் முன்னே வந்து நின்றது. கேட்டது ஒரே ஒரு வார்த்தை. அதைக்கூடக் கொடுக்காமல் அனுப்பினேனே என்று நினைத்ததும் அவளுக்கு மாமியாரும் போனாள், எமனும் போனான்.

“பத்துமலை,” என்றாள். குரலே எழும்பவில்லை. வாய் தன்னுடையது மாதிரி இல்லை. அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்தாள்.

“பத்துமலை!”

காடு அப்படியே இருந்தது. இடி விழவில்லை. அவள் நடந்துகொண்டே கத்தினாள். “பத்துமலை! எங்க இருக்கீங்க? பத்துமலை! பத்துமலை!” கத்தக் கத்த அழுகையும் வந்தது.

அடுத்த வளைவில், பாசி பிடித்து விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் மனுஷன் உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டையின் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, கை இரண்டையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு, கல்லுப் பிள்ளையார் மாதிரி. முகம் நனைந்திருந்தது.

“நெஞ்சு வலிக்குதா? வாயைத் தொறங்க, மாத்திரை!” என்று அவள் டப்பியைத் திறக்கப் போனாள்.

“ஒண்ணும் இல்ல, நவமணி. நல்லாத்தான் இருக்கேன்.”

“அப்ப நான் கத்துனது கேக்கலையா?”

“கேட்டுச்சு.”

“எப்பலேருந்து?”

“ராஜு அப்பான்னு கேட்டப்பவே எந்திரிச்சுட்டேன். பேரக் கேட்டதும் திரும்ப உக்காந்துட்டேன்.”

வந்ததே கோபம் நவமணிக்கு! மடக்கியிருந்த குடையால் அவர் தோளில் ஒன்று போட்டாள். முப்பது வருஷத்தில் அதுவும் முதல் தடவைதான்.

“உசிரு போயி உசிரு வந்துச்சு எனக்கு! இருக்கேன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன?”

“சொன்னா நீ நிறுத்திடுவியே.”

நவமணி குடையைக் கீழே போட்டாள். ஈரத்தைப் பார்க்காமல் அவர் பக்கத்திலேயே மரத்தில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் தன் முகத்தைத் துடைத்தாள், பிறகு அவர் முகத்தையும் துடைத்தாள். அது வெறும் பனி இல்லை என்று துடைக்கும்போது தெரிந்தது.

“நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நான் சொன்னதாலதான்னு நெனைச்சே செத்துப் போயிடுவேன். தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்லா,” என்றார் பத்துமலை. “தெரிஞ்சுதான் கேட்டேன். அவ்ளோ பயத்தோட என் பேர வேற யாரு சொல்லுவா?”

கீழே மேகத்துக்குள்ளிருந்து ஸ்டேஷன் மாஸ்டரின் குரல் மட்டும் இன்னும் வந்துகொண்டிருந்தது. “ராஜுவின்ர அப்பா! ராஜுவின்ர அப்பா!” பாவம், பெரியவருக்குத் தொண்டை கட்டிவிடும். பத்துமலை பதில் கொடுக்க வாயைத் திறந்தார். நவமணி அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தானே எழுந்து ரோட்டோரம் போய் நின்றாள்.

“கெடைச்சிட்டாருங்க!” என்று கத்தினாள். “பத்துமலை கெடைச்சிட்டாருங்க!”

“ஆர்?” என்றது கீழேயிருந்து குரல்.

“பத்துமலைங்க! எங்க வீட்டுக்காரரு!”

பின்னால் பத்துமலை எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

“பெரியவருக்கு இன்னும் சரியாக் கேக்கல போலருக்கு,” என்றார். “இன்னொரு தடவ சொல்லேன்.”