கேட்காத சங்கு

வேடியப்பன் பெண்டாட்டியின் விரல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆள்காட்டி விரல் வந்துவிட்டது. மற்றவை வரவில்லை.

எல்லம்மாளைச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்த ஆட்கள் அவளைக் கீழ் வீட்டு மாட்டுக்கொட்டகையில் கிடத்திவிட்டுக் கை கால் கழுவப் போயிருந்தார்கள். பெரியாஸ்பத்திரி வண்டி ரோட்டுக்கு வந்துவிட்டதாகச் சொன்னார்கள். அவர்கள் கொண்டுபோனால் அந்தக் கையை வேறு எவனோ பிரிப்பான். வேடியப்பன் முட்டியை மண்ணில் ஊன்றிக்கொண்டு நடுவிரலைப் பின்பக்கமாக வளைத்தார். சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. உள்ளங்கையிலிருந்து அகல்விளக்கு கழன்று விழுந்தது. சேறு அப்பியிருந்தாலும் திரி அதில் ஒட்டிக்கொண்டே இருந்தது.

அதை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்தபோது, மகள் அன்புச்செல்வி தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

“கைய நேராக்கினேன்” என்றார்.

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். அம்மாவின் கையை மடியில் எடுத்து, ஒடிந்த விரலை மெல்ல அதன் இடத்தில் சேர்த்துப் பிடித்தாள். கண் மட்டும் அவர் வேட்டி மடிப்புக்குப் போய் வந்தது.

அந்தத் தெரு அடி அண்ணாமலையைத் தாண்டி, மலைச்சரிவை ஒட்டி இருந்தது. தெருவின் கடைசியில், எல்லாவற்றுக்கும் மேலே, வேடியப்பன் வீடு. இப்போது அங்கே வீடில்லை. யானை அளவுப் பாறை ஒன்றும் சிவப்புச் சேறும்தான் கிடந்தன. கீழ் வீட்டுக்காரர்கள் தப்பித்தது பாறை அங்கேயே நின்றுவிட்டதால்தான். வேறு காரணம் கிடையாது.

தெரு மலைசுற்றும் பாதையில் போய்ச் சேருகிற முனையில் ஒரு கம்பம் நிற்கிறது. அதன் உச்சியில் கரண்டில் ஊதுகிற அபாயச் சங்கு. சில வருஷத்துக்கு முன்னால் மூன்று தேசத்துக்காரர்கள் கூடிப் பேசி நட்டது. ஒருவன் பணம் கொடுத்தான், ஒருவன் மெஷின் கொடுத்தான், ஒருவன் ஆட்களை அனுப்பிச் சொல்லிக்கொடுத்தான். மலைமேல் மழையையும் மண்ணின் ஈரத்தையும் அளக்கிற பெட்டிகளைப் புதைத்தார்கள். அளவு மிஞ்சினால் வானத்து வழியாகச் செய்தி வெளிதேசத்துக்குப் போய், அங்கிருந்து இளஞ்செழியனின் செல்போனுக்குத் திரும்பி வரும். அவன் கம்பத்துப் பெட்டியைத் திறந்து சுவிட்சைப் போட வேண்டும். இளஞ்செழியன் எல்லம்மாளின் அண்ணன் மகன். ஐ.டி.ஐ. படித்தவன், அவன் அப்பா செத்துப்போனபின் அத்தைதான் அந்த வேலைக்கு அவன் பெயரைச் சொன்னாள்.

கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு எல்லாவற்றையும் விளக்கினார்கள். வேடியப்பன் எழுந்து, எங்கள் மலையில் பெய்கிற மழையை உங்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டா பார்ப்பீர்கள் என்று கேட்டார். சனம் சிரித்தது. மொழிபெயர்த்த பெண் கேள்வியைச் சொன்னதும் வெள்ளைக்காரர் சிரிக்காமல், ஆமாம் என்று தலையாட்டினார். அதிலிருந்தே வேடியப்பனுக்கு அந்தக் கூட்டத்தைப் பிடிக்காது.

சங்கு ஊதினால் போட்டது போட்டபடி கீழே பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். ஒத்திகை பார்த்தார்கள். முதல் ஒத்திகைக்குச் சாம்பார் சாதம் போட்டார்கள், தெருவே ஓடியது. அடுத்ததற்குச் சாதம் இல்லை, பாதிப் பேர்தான் ஓடினார்கள்.

பிறகு கார்த்திகை வந்தது. தீபத்தன்று மேகம் இறங்கி மலையுச்சியை மூடிவிட்டது. உச்சியில் தீபம் ஏற்றிவிட்டார்களா இல்லையா என்று தெரியாமல் பெண்கள் அகலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். வேடியப்பன் இளஞ்செழியனைக் கூப்பிட்டார். “வருசம் பூரா சும்மாதானேடா நிக்குது. சாமிக்கு ஒரு தரம் ஊதினா இன்னா கொறஞ்சிடும்?” அவன் கூடாது மாமா என்றான். நான் சொல்றேன் இல்ல என்றார். அவன் ஊதினான். தெரு முழுக்க அரோகரா எழுந்தது. எல்லாரும் மலையைப் பார்த்துத் திரும்பிக் கைகூப்பினார்கள், விளக்கேற்றினார்கள். அன்றிலிருந்து மேகம் மூடிய தீப நாள்களில் எல்லாம் சங்கு ஊதியது. போகப்போக மேகம் இல்லாவிட்டாலும், மலையில் தீபம் எரிகிற அத்தனை நாளும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஊதினான். ஒத்திகை நின்றுபோனது. ஏன் நின்றது என்று யாரும் கேட்கவும் இல்லை.

இந்த வருஷமும் தீபம் எரிந்துகொண்டிருந்தபோதுதான் புயல் மழை பிடித்தது. நாலு மணிக்கே இருட்டிவிட்டது. சங்கு ஊதியது.

ஆஸ்பத்திரியிலிருந்து எல்லம்மாள் மறுநாள் மத்தியானம் வெள்ளைத்துணி சுற்றி வந்துசேர்ந்தாள். அதே கொட்டகைக்கு முன்னால் பந்தல் போட்டார்கள். மேளக்காரர்கள் வந்தார்கள். சங்கைப் பார்த்துக்கொள்கிற வெளிதேசத்து அதிகாரியும் வந்தாள், உயரமான, நரைத்த பொம்பளை. செருப்பைத் தெருமுனையிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு சேற்றில் நடந்து வந்து பிணத்தின் கால்மாட்டில் நின்றாள். கூடவே மொழிபெயர்க்க அருணாதேவி, பின்னால் ஒரு போலீஸ்காரர்.

சங்கு ஊதியதா என்று அருணாதேவி கேட்டாள்.

“ஊதல” என்றார் வேடியப்பன்.

பக்கத்து வீட்டு முருகையன் தரையைப் பார்த்துக்கொண்டு, தன் காதிலும் விழவில்லை என்றார். அவர் பெண்டாட்டி, இல்லை என்று தலையாட்டினாள். ஒருவர் சொல்ல ஒருவர் சொல்லத் தெருவே சொல்லிவிட்டது. எதிர்வீட்டுக் கிழவர் மட்டும் எழுந்து வெற்றிலை துப்பப் போனார், திரும்பி வரவில்லை.

இளஞ்செழியன் பந்தல் கால் ஓரமாக நின்றிருந்தான். கையில் தாம்பாளம், அதில் அரக்குப் புடவை. செத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போர்த்த வேண்டியவன் அவன்தான்.

“மாமா, ஊதினேனே. நீங்க கடையில இருந்தீங்க. நான் பாத்தேன் உங்கள.”

“யார்ரா பாத்தது?”

வெளிதேசத்துப் பொம்பளை நீளமாக ஏதோ சொன்னாள். அருணாதேவி குரலை இறக்கிச் சொன்னாள்: “செய்தி இவர் போனுக்கு வந்தது பதிவாகியிருக்குங்க. அப்பறம் ஊதலைன்னா, ஒண்ணு மெஷின் கெட்டிருக்கணும், இல்ல இவர் சுவிட்ச் போட்டிருக்க மாட்டார். இதே மெஷின் வேற தேசத்துல நெறைய மலையடியில நிக்குது. கெட்டதுன்னா அத்தனையும் கழட்டணும். கழட்டிட்டா அங்க மழை வந்தா சொல்ல ஆளில்ல. அதனால யோசிச்சுச் சொல்லுங்கன்றாங்க.”

வேடியப்பன் யோசிக்கவில்லை.

“மெசின் மேல தப்பில்ல. இவன் போடல. எங்கியாவது குடிச்சிட்டுக் கவுந்திருப்பான்.”

இளஞ்செழியன் குடித்து அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் யாரும் வாயைத் திறக்கவில்லை. போலீஸ்காரர் நகர்ந்து வந்து அவனுக்கு அருகில் நின்றுகொண்டார். மெஷினை ஊதிப் பார்த்துவிடலாம், அது ஊதினால் தப்பு இவன்மேல் என்று தெரிந்துவிடும், முதலில் பிணம் போகட்டும் என்று முடிவாயிற்று.

அவன் தாம்பாளத்தோடு பிணத்தின் பக்கம் வந்தான். வேடியப்பன் புடவையை உருவி மாட்டுத்தொட்டிப் பக்கம் எறிந்தார்.

“இவன் கோடி வாணாம்.”

பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். மேளம் மட்டும் அடித்தது.

அன்புச்செல்வி போய்ப் புடவையை எடுத்தாள். சாணி ஒட்டியிருந்த முந்தானையை உதறினாள். “அம்மாவ பொறந்தவூட்டுத் துணி இல்லாம அனுப்பறீங்க” என்றாள்.

“போனவளுக்கு எந்தத் துணியா இருந்தா இன்னா.”

“அகல் எங்கப்பா?”

வேடியப்பன் அவளைப் பார்த்தார். பிறகு மேளக்காரனைப் பார்த்து, தூக்குற நேரமாச்சு, ஓங்கி அடி என்று கத்தினார்.

முந்தின நாள் சங்கை அவர் கேட்டிருந்தார். பாதையோரக் கடையில் கற்பூரமும் தண்ணீர் பாட்டிலும் விற்றுக்கொண்டிருந்தவர், சங்கு ஊதியதும் ஒரு கற்பூரத்தை எடுத்துக் கல்லில் வைத்துக் கொளுத்தி, மேகத்தைப் பார்த்துக் கைகூப்பினார். கற்பூரம் எரிந்து முடிகிறவரை நின்றார். பிறகுதான், இவ்வளவு சீக்கிரமா என்று தோன்றியது. சுற்றிலும் தெருக்காரர்கள் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்கள். அப்போது மலை இறங்குகிற சத்தம் கேட்டது.

ஆண் பிள்ளை இல்லாததால் கொள்ளிச்சட்டியை வேடியப்பனே எடுத்தார். ஈரத்துணி சுற்றிய சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாடைக்கு முன்னால் நடந்தார். கோடிப் புடவையை அன்புச்செல்வி மடித்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். போர்த்த வேண்டியவன் கையால் அல்லாமல் வேறு யாரும் அதைப் போர்த்தக் கூடாது.

தெருமுனையில் போலீஸ் கயிறு கட்டி மலைசுற்றும் கூட்டத்தை நிறுத்தியிருந்தது. வெளியூர் சனம், ஈரத் தலையோடு, பிணத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பாதையைத் தாண்டும்போது மேளம் அடிக்கக் கூடாது, தீப நாளில் அது வழக்கம். மேளக்காரர்கள் குச்சியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். பெண்கள் அங்கேயே நின்றார்கள். அதற்குமேல் அவர்கள் வரக்கூடாது.

கம்பத்தைச் சுற்றி ஆள் நின்றதால் பெட்டியடியில் குனிந்திருந்தவர்களுக்குத் தெருவின் வாய் தெரியவில்லை. மேளம் நின்றதும் பிணம் தாண்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். வெளிதேசத்துப் பொம்பளை தலையசைத்தாள். சுவிட்சை இளஞ்செழியனே போட்டான்.

சங்கு ஊதியது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற வெளியூர் சனம் என்ன சத்தம் என்று அண்ணாந்து பார்த்தது. இந்தப் பக்கம், முருகையன் மலையைப் பார்த்துத் திரும்பிக் கைகூப்பினார். அவர் பெண்டாட்டி கூப்பினாள். மேளக்காரர்கள் குச்சியோடு கூப்பினார்கள். பாடை தூக்கியவர்கள் ஒரு கையால் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு மறு கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனார்கள். பாடை கொஞ்சம் சாய்ந்தது. யாரோ “அரோ...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

நிமிர்ந்ததும் கூட்டத்துக்கு மேலே ஒரு தலை உயரமாகத் தெரிந்த வெளிதேசத்துப் பொம்பளை அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அருணாதேவியிடம் எதையும் கேட்கவில்லை. போலீஸ்காரர் இளஞ்செழியனின் தோளிலிருந்து கையை எடுத்தார். இளஞ்செழியன் பெட்டிமேல் கையை வைத்தபடி கீழே பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்புச்செல்வி அப்பாவைப் பார்த்தாள். அவர் உடம்பு மலைப்பக்கம் திரும்பியிருந்தது. இரண்டு கையும் கொள்ளிச்சட்டியோடு சேர்ந்து நெற்றிவரை ஏறியிருந்தன. புகை அவர் கண்ணில் போனது.

சங்கு நின்றது. மற்றவர்கள் கையைக் கீழே இறக்கிக்கொண்டார்கள். சட்டி அங்கேயே நின்றது.