சுறா எண்ணெய் பூசிய கிராமபோன்

மூன்றரை இலட்சம் என்று சனூன் போனில் சொன்ன நேரம், பிரான்சிஸ்கா புருசனின் தாடையை ஏந்திப் பிடித்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இறுகிக் கிடந்தது. இரண்டு கைகளும் லம்பேட்டிடம்.

"அக்கா, கேக்குதா? மூண்டரை. கொழும்பு ஐயா கடைசியில ஓமெண்டிட்டார். பின்னேரம் லொறியோட வாறம். அலுமாரியைத் துடைச்சு வையுங்கோ."

"ஓம்" என்றாள் பிரான்சிஸ்கா. முடிச்சு வேறு சறுக்கிக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு வருடம் மன்னார்ச் சந்தையில் கருவாடு விற்றவள். ஒரு விலையைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் 'ஓம்' சொன்னது அன்றுதான்.

லம்பேட் போய் ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. ஐந்தரைக்கு எழும்பி, தேத்தண்ணி குடித்து, கிராமபோன் அலுமாரிக்கு முன்னால் சாக்கை விரித்து உட்கார்ந்த மனுசன், கையில் எண்ணெய்த் துணியோடு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். குசினிக்குள் இருந்து பிரான்சிஸ்கா வழக்கம்போல ஏசிக்கொண்டிருந்தாள். பதில் வராதது பெரிய விசயமில்லை. அவர் பதில் சொல்லுகிற ஆளில்லை. ஒரு செருமல்கூட வராதபோதுதான் எட்டிப் பார்த்தாள்.

அந்த அலுமாரி வீட்டுக்கு வந்த கதையே அவளுக்கு வயிற்றெரிச்சல். இரண்டு வருடத்துக்கு முன் வங்காலையில் ஒருத்தருக்கு வள்ளம் திருத்திக் கொடுத்தார் லம்பேட். கூலி முப்பத்தையாயிரம். வள்ளக்காரரிடம் காசில்லை. அவருடைய வீட்டுக் கோடிக்குள் கறையான் தின்றுகொண்டிருந்த இந்தச் சாமானைக் காட்ட, கூலிக்குப் பதிலாக அதை ஏற்றிக்கொண்டு பள்ளிமுனை வீட்டுக்கு வந்து இறங்கினார். நெஞ்சளவு உயரம். மேல்மூடியைத் திறந்தால் இசைத்தட்டுச் சுற்றுகிற இடம். நடுவில் இரண்டு சின்னக் கதவுகள். பாட்டு அதற்குள்ளால்தான் வரும். பக்கத்தில் சாவி கொடுக்கிற கைபிடி. பாட்டு மட்டும் வராது. பிரான்சிஸ்கா மூன்று நாள் புருசனோடு பேசவில்லை. நாலாம் நாள் மூன்று நாளுக்கும் சேர்த்துப் பேசினாள்.

போன தை மாதம் லம்பேட்டின் நெஞ்சுக்குள் மூன்று குழாய் அடைபட்டிருப்பதாகச் சொன்னார்கள். இலவச ஆஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்கு முறை வர அடுத்த வருடமாகும். கொழும்பில் காசுக்குச் செய்கிற இடத்தில் பதினாலரை இலட்சம் கேட்டார்கள். பிரான்சிஸ்கா அங்கேயும் கேட்டுப் பார்த்தாள்: "ஒரு மூண்டு குழாய்தானே, கொஞ்சம் பார்த்துச் செய்யேலாதா?" மேசைக்குப் பின்னால் இருந்த பிள்ளை சிரித்தாள், ஒரு சதமும் குறைக்கவில்லை. சீட்டுக்காசு, காப்பு, மகன் மில்ரன் விற்ற மோட்டார்சைக்கிள் எல்லாம் சேர்த்துப் பதினொன்று வந்தது. குறை மூன்றரை.

எருக்கலம்பிட்டிச் சனூன் பழைய சாமான் வாங்கி விற்கிறவன். அலுமாரியைக் கண்டு, திருத்தினால் நல்ல விலை போகும் என்றான். என்ன விலை என்று அவன் சொல்ல முந்தி பிரான்சிஸ்கா மூன்றரை என்றாள். அலுமாரியின் பெறுமதி அவளுக்குத் தெரியாது. குறை எவ்வளவு என்று தெரியும்.

லம்பேட் திருத்தத் தொடங்கினார். மாசி போய், பங்குனி போய், ஆனியும் போயிற்று. முதுகுப் பலகை புதிதாக வைத்தார். சுருள்வில்லைக் கழற்றிப் பூட்டினார். எப்போது கேட்டாலும் "இன்னும் கொஞ்சம் கிடக்கு" என்பார். பிறகு சோழகம் பிடித்தது. அந்தக் காற்றில் பழைய பலகை வறண்டு மயிரிழை போல வெடிப்பு விட்டது. பலகை வெடித்தால் லம்பேட்டுக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று. வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயை எடுத்து, அலுமாரியின் உள்ளும் புறமும் ஊற ஊறத் தேய்த்தார்.

வெடிப்பு அடைபட்டது. பலகை கறுத்த குதிரை மாதிரிப் பளபளத்தது. கருவாட்டுக்காரியான பிரான்சிஸ்காவே மூக்கைப் பொத்தினாள்.

"உதென்ன வேலை? உதைக் கடலில விடப்போறீரோ, இல்லாட்டி ஆருக்கும் விக்கப்போறீரோ?"

"காய்ஞ்சா மணம் போயிடும்" என்றார் லம்பேட். மூன்று கிழமையாக அது காய்ந்துகொண்டிருந்தது.

பகலுக்குள் வீடு செத்தவீடாக மாறிவிட்டது. கோயில் மணி அடித்தாயிற்று. ஒழுங்கை வாசலில் வெள்ளைக்கொடி. ஷமீரின் கடையிலிருந்து வாடகைக் கதிரைகள் வந்தன. மலர்ச்சாலைக்காரர் லம்பேட்டைக் கொண்டுபோய்ச் சோடித்துக் கொண்டுவந்து விறாந்தையை ஒட்டிய பெரிய அறையில் பெட்டியோடு வைத்தார்கள். அலுமாரியை அறையிலிருந்து எடுக்க நாலு பேர் வேண்டும் என்பதால், யாரோ அதற்கு மேல் வெள்ளை விரித்து, சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தையும் இரண்டு மெழுகுதிரிகளையும் வைத்துவிட்டார்கள். அகர்பத்தி, பன்னீர், சுறா எண்ணெய் மூன்றும் கலந்து ஒரு வாசம். வந்த சனம் பிரேதத்தைப் பார்த்துவிட்டுச் சந்தேகத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்தது.

"அது அவரில்லை, அலுமாரி" என்று பிரான்சிஸ்கா ஒவ்வொருத்தருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. அழுகை வருகிற ஒவ்வொரு தடவையும் இந்த விளக்கம் குறுக்கே வந்தது.

மூன்றரை மணிக்கு லொறி ஒழுங்கைக்குள் திரும்பியது. கொடியைக் கண்டதும் சனூன் குதித்து இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேகமாக வந்தான். பின்னால் வெள்ளைச் சேட்டுப் போட்ட கொழும்பு ஐயா.

"இன்னாலில்லாஹி... அக்கா, காலமை சொல்லியிருக்கலாமே! நான் விசரன், விலை சொல்லிக்கொண்டு நிண்டனான்."

"வாய் கட்டிக்கொண்டிருந்தனான், சனூன். அவற்ர வாயை."

சனூன் தலை குனிந்தான். லம்பேட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.

"கைசுத்தமான மனிசன். வேற ஆளெண்டா சித்திரையிலயே குடுத்துக் காசை எண்ணியிருக்கும்."

"என்ன சித்திரை?"

"அண்ணன் சொல்லேல்லையா? அப்பவே இந்த ஐயா வந்து பார்த்தவர். நீங்கள் சந்தைக்குப் போயிருந்தீங்கள். அரைகுறையாக் கிடந்தாலும் பரவாயில்லை, மூண்டு தாறன் எண்டவர். அவருக்கு உள்ளுக்கு இருக்கிற மெசின் தேவையில்லைத்தானே. எல்லாத்தையும் கழட்டிப்போட்டு ஹோட்டலில போத்தில் அடுக்கப்போறார். அண்ணன் ஒரேயடியா மாட்டன் எண்டிட்டார். பாடாத சாமானை என்ர கையால குடுக்கமாட்டன் எண்டார்."

பிரான்சிஸ்கா பெட்டியின் விளிம்பைப் பிடித்தாள். மூன்று. சித்திரையில். மிச்ச அரையை அவள் ஒரு கிழமையில் புரட்டியிருப்பாள். வைகாசியில் கொழும்பு. ஆனியில் மனுசன் கஞ்சி குடித்துக்கொண்டு கட்டிலில் இருந்திருப்பார், அவள் ஏச்சைக் கேட்டுக்கொண்டு.

லம்பேட் தாடைக்கட்டு அவிழ்த்த முகத்தோடு, எதையும் கேட்காதவர் மாதிரிக் கிடந்தார். உயிரோடு இருந்தபோதும் அதே முகம்தான். இந்த மனுசனோடு சண்டைபிடிப்பது சுவரோடு பந்தடிப்பது என்றால், இன்று பந்தும் திரும்பி வராது.

"மூண்டு" என்று மட்டும் அந்த முகத்துக்குச் சொன்னாள்.

மில்ரன் தாயின் காதருகே குனிந்தான். "அம்மா, வந்த ஆக்கள். குடுத்து அனுப்புவம். செலவு கிடக்கு. உதை வைச்சு என்ன செய்யிறது?"

அவள் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மில்ரன் அதை ஓமென்று எடுத்துக்கொண்டான்.

கொழும்பு ஐயா மெழுகுதிரிக்குப் பயந்து பயந்து வெள்ளையின் ஒரு மூலையைத் தூக்கினார். சின்னக் கதவைத் திறந்தார். உடனே மூடினார். சனூனுக்குச் சிங்களத்தில் ஏதோ சொன்னார், நீளமாகச் சொன்னார். சனூன் அலுமாரியை முகர்ந்து பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டான்.

அந்த நேரம் கோயில் மூப்பர் பிரார்த்தனைப் புத்தகத்தைத் திறந்தார். பெண்கள் முழந்தாளில் இருந்தார்கள். பிரேதம் கிடக்கிற வீட்டில் விலை பேசக்கூடாது, வாயால் பேசக்கூடாது. ஆனால் முத்துக் குளிக்கிற சலாபம் நடந்த காலத்திலிருந்து இந்தக் கரையில் வியாபாரிக்கு வாய் தேவையில்லை. சனூன் பெரிய லேஞ்சித் துணி ஒன்றை எடுத்து உதறி, மில்ரனின் கையையும் தன் கையையும் மூடினான். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு இலட்சம். நகத்தில் கிள்ளினால் அரை. பார்க்கிறவர்களுக்கு, துக்கம் விசாரிக்க வந்தவன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்றுதான் தெரியும்.

பிரான்சிஸ்காவுக்கு லேஞ்சி தேவைப்படவில்லை. மகனின் முழங்கையைப் பார்த்தே விலையைப் படித்தாள்.

"ஞான ரோசாவே" என்றார் மூப்பர்.

"இவருக்காக வேண்டிக்கொள்ளும்" என்றாள் மற்றவர்களோடு. லேஞ்சி ஒரு தடவை அசைந்தது. ஒன்று. அவள் தலையை ஆட்டினாள்.

"தாவீது இராசாவின் உப்பரிகையே."

"இவருக்காக வேண்டிக்கொள்ளும்." ஒன்றரை. மில்ரன் நிமிர்ந்து தாயைப் பார்த்தான். அவள் செபமாலையைத் தூக்கி, மூன்று மணிகளைத் தள்ளி, நாலாவது மணியை நடுவில் நகத்தால் அழுத்திக் காட்டினாள். சனூனும் அதைக் கண்டான். கொழும்பு ஐயா வாசலில் நின்று காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சொர்ணமயமான ஆலயமே."

இரண்டு. லேஞ்சி அதோடு நின்றுவிட்டது. மில்ரனின் முகத்தில் கெஞ்சல். அவள் காட்டியது அதே மூன்று மணிகள், அதே நகம். பக்கத்தில் இருந்த றஞ்சிதா, லம்பேட்டின் தங்கச்சி, மச்சாள் பக்தியில் மெய்மறந்து போனாள் என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டாள்.

பிரார்த்தனை முடிந்ததும் மில்ரன் தாயைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனான்.

"உங்களுக்கென்ன விசரே? இரண்டுக்கு மேல போகாது. அந்த மணத்துக்கு அவர் லொறிக்குள்ளயே ஏத்தமாட்டார்."

"மணமெண்டா மூக்கைப் பொத்திக்கொண்டு தரச் சொல்லு."

"அம்மா, ஒப்பரேசனே இல்லை இப்ப! ஆருக்கு உந்த மூண்டரை?"

குசினி வாசலில் சனூன் லேஞ்சியை மடித்தபடி நின்றான்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. நான் என்ர தரகையும் விடுறன். இரண்டே கால். இதுக்கு மேல கேட்டா அது விலை இல்லை, கோவம்."

"கோவத்துக்கும் ஒரு விலை இருக்குத்தானே, சனூன்" என்றாள் பிரான்சிஸ்கா. "பதினாலரை எண்டவை பதினாலரையிலதான் நிண்டவை. ஒருத்தரும் மணக்குதெண்டு குறைக்கேல்லை. இந்த மனுசன் மூண்டை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு நாலு மாசம் இருந்து தேய்ச்சது. இரண்டே காலுக்குக் குடுத்தா நான் அவரை என்னெண்டு ஏசுறது? நீங்கள் போயிட்டு வாங்கோ."

லொறி வெறுமையாகத் திரும்பியது. சனூன் மட்டும் அதில் ஏறவில்லை. அடுத்த நாள் அடக்கம்வரை நின்று, சேமக்காலையின் மதிலுக்கு வெளியே வெயிலில் காத்திருந்து, மண் போட்டு முடிந்து வந்த மில்ரனின் கையைப் பிடித்துவிட்டுத்தான் எருக்கலம்பிட்டி பஸ்ஸைப் பிடித்தான். இந்தத் தடவை கைகளுக்கு மேல் லேஞ்சி இல்லை.

ஐந்து மணிபோல ஷமீர் கதிரைகளை எடுக்க வந்தான். பத்துப் பத்தாக அடுக்கி, ஒவ்வொரு அடுக்கையும் தட்டி எண்ணினான். பிறகு மறுபடியும் எண்ணினான்.

"தம்பி, அறுவது இறக்கினனான். அம்பத்தொம்பதுதான் கிடக்கு."

மில்ரன் வேம்புக்குக் கீழ் பார்த்தான். கிணற்றடியில் பார்த்தான். அடுத்த வீட்டில் கேட்டுவிட்டு வந்தான். செத்தவீட்டுக் கதிரை கோயில்வரை போயிருக்கும் என்று அங்கேயும் ஆள் அனுப்பினான். கடைசியில் வீட்டுக்குள் போனான்.

பெரிய அறை கழுவி ஈரமாயிருந்தது. சுரூபமும் மெழுகுதிரித் துண்டுகளும் யன்னல் விளிம்பில் இருந்தன. அலுமாரியின் மேலிருந்த வெள்ளையை மடித்து வைத்துவிட்டு, சின்னக் கதவுகள் இரண்டையும் அகலத் திறந்துவிட்டு, பிரான்சிஸ்கா அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பச்சைப் பிளாஸ்ரிக் கதிரை. முதுகில் ஷமீர் கடையின் எழுத்து.

"அம்மா."

அவள் திரும்பவில்லை. மில்ரன் அந்த மணத்துக்குள் நின்றான். பிறகு வெளியே வந்தான்.

"கிடைச்சதா?" என்று கேட்டான் ஷமீர்.

"எழுதுங்கோ, நானா."

ஷமீர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, கொப்பியை லொறியின் பலகையில் வைத்து எழுதினான். கொடுத்தது அறுபது. வந்தது ஐம்பத்தொன்பது. பாக்கி ஒன்று.