மூணு படி சாமை

எண்ணெய் இல்லாமல் குழம்பு தாளிக்க முடியுமா என்று கேட்டால் முடியும் என்பேன். வெறும் சட்டியைக் காயவைத்து மிளகாயைக் கிள்ளிப் போட்டால் ஒரு நெடி வரும். அந்த நெடியை வைத்து நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் அப்படித்தான் தாளித்தேன். சோப்பை நூல் போட்டு நாலாக அறுத்து வைத்தேன். தீப்பெட்டி வாங்காமல் பக்கத்து வீட்டு மங்கம்மாள் அடுப்பிலிருந்து கங்கு எடுத்து வந்தேன். கோழி இட்ட முட்டையில் ஒன்றைக்கூட வீட்டில் உடைக்க விடவில்லை. என் வீட்டுக்காரர் சின்னதம்பிக்குப் பீடி கிடையாது, டீ கிடையாது, செல்போனுக்கு ரீசார்ஜ் கிடையாது. பலாக்கொல்லை ஊரே என்னைக் கஞ்சப் பிசினாரி என்றது. சொல்லிவிட்டுப் போகட்டும். அடிபட்டு வந்தது அவர்கள் மகளா?

என் மகள் தேவயானி. ஒரே மகள். ஆலங்கொல்லை ராஜாக்கண்ணு மகன் பார்த்திபனுக்குக் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு நாள் விடிகாலையில் காட்டு வழியாகத் தனியாக நடந்தே வந்து நின்றாள். ரவிக்கையைக் கழற்றிப் பார்த்தேன். முதுகு முழுக்க வயரால் அடித்த தடம். "இனிமே அங்க போவமாட்டேம்மா" என்றாள். "யார்டி உன்னைப் போகச் சொன்னது?" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அதற்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் மலையில் பெண் வீட்டார் சீர் கொடுத்து அனுப்புகிற வழக்கம் இல்லை. மாப்பிள்ளை வீட்டார்தான் பரிசப் பணம் கொடுத்துப் பெண் எடுப்பார்கள். பெண் புருஷனோடு பிழைக்கமாட்டேன் என்று திரும்பி வந்துவிட்டால் அந்தப் பரிசத்தையும் கல்யாணச் செலவையும் திருப்பிக் கொடுத்துத் தீர்த்துவிட வேண்டும். ஊர்க்கவுண்டர் கோபால்சாமி இரண்டு ஊர்ப் பெரியவர்களையும் கோயில் முன்னால் உட்காரவைத்துக் கணக்குப் போட்டார். நாற்பதாயிரம். மலையில் புளி உலுக்கி முடிவதற்குள் கட்டினால் பெண் எங்களுக்கு. இல்லாவிட்டால் புருஷன் வீட்டுக்கு. பணம் கட்டித் தீரும்வரை ஒருவர் வீட்டுத் தானியத்தில் இன்னொரு வீட்டார் கை நனைக்கக் கூடாது. நனைத்தால் சமாதானமாகிவிட்டார்கள் என்று அர்த்தம்.

"அடிச்சவனுக்கு இன்னா தண்டனைங்க?" என்று கேட்டேன்.

"செல்லி, நீ செத்த சும்மா இரு" என்றார் கவுண்டர்.

கீழே இறங்கிப் போய் போலீசில் எழுதிக் கொடுக்கலாம்தான். கொடுத்த மறுநாளே எங்களை ஊரை விட்டுத் தள்ளிவைப்பார்கள். அதன் பிறகு யார் கூலிக்குக் கூப்பிடுவார்கள், யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? அதனால் பணத்தைக் கட்டிவிடுவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எங்கள் நிலத்தில் விளைந்த சாமையைச் செங்கத்திலிருந்து வேன் கொண்டு வரும் வியாபாரியிடம் ஒரு மணி விடாமல் அளந்து கொடுத்தேன். ஆட்டையும் குட்டிகளையும் விற்றேன். நாங்கள் குடித்தது ரேஷன் அரிசிக் கஞ்சி, அதுவும் இரண்டு வேளை. நூறு நாள் வேலைக்கு நானும் மகளும் போனோம். என் வீட்டுக்காரர் யார் கூப்பிட்டாலும் போனார், வேலி கட்ட, கிணறு தூர் வார, பிணத்துக்குக் குழி வெட்டக்கூட. மாசி பிறக்கும்போது அரிசிப் பானைக்குள் முப்பத்து மூன்றாயிரம் சேர்ந்திருந்தது. எங்கள் இரண்டு புளியமரமும் அந்த வருஷம் நன்றாகக் காய்த்திருந்தன. உலுக்கி, ஓடு நீக்கி, கொட்டை எடுத்து விற்றால் மீதிப் பணம் வந்துவிடும். நான் மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவேன். மகள் பிழைத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

ஆனால் அவள் இளைத்துக்கொண்டே போனாள். ஒரு நாள் வேலை செய்யுமிடத்தில் மண்வெட்டியோடு சாய்ந்துவிட்டாள். தூக்கி வந்து படுக்கவைத்து, மங்கம்மாளிடம் ஒரு பிடி சர்க்கரை கடன் வாங்கிக் கரைத்துக் கொடுத்தேன். அவள் குடிக்கும்போதே, இந்தச் சர்க்கரையைத் திருப்பிக் கொடுக்கணுமே என்று நினைத்தேன். பெற்றவள்தானே நான்? அந்த நினைப்பு எனக்கு எப்படி வந்தது என்று இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

அந்த வாரம்தான் என் வீட்டுக்காரர் ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போனவர் தோளில் ஒரு பையோடு வந்தார். பிரித்துப் பார்த்தால் சாமை. மூன்று படி இருக்கும்.

"ஏதுய்யா இது?"

"ஒருத்தர் கொல்லையில வேலி கட்டினேன். காசு இல்ல, சாமை எடுத்துனு போன்னாரு."

"எந்தக் கொல்லை?"

"உனுக்குத் தெரியாதுடி. துன்றதைக்கூடக் கேள்வி கேப்பியா?"

நான் சண்டை பிடிக்கத்தான் வாயைத் திறந்தேன், காசாக ஏன் வாங்கவில்லை என்று. தேவயானி பையில் கைவிட்டு அள்ளி முகர்ந்து பார்த்தாள். அதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கே குத்திப் புடைத்து, ஒரு பானை நிறையச் சோறாக்கினேன். காட்டுக்கீரை கடைந்தேன். மகள் இரண்டு தடவை போட்டுக்கொண்டாள். மூன்றாவது தடவை தட்டை நீட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று! "துன்னுடி, துன்னு, பானையையும் சேர்த்துத் துன்னு" என்றேன். ஒரு வாரம் எங்கள் வீட்டில் மனிதர்கள் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டோம். என் வீட்டுக்காரர் மட்டும் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார். பசி அவ்வளவு என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் மரத்தை உலுக்கிக்கொண்டிருந்தபோது கவுண்டரிடமிருந்து ஆள் வந்தது. கோயில் முன்னால் ஆலங்கொல்லைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ராஜாக்கண்ணு வெள்ளைச் சட்டை போட்டு நடுவில் இருந்தான். இன்னும் கெடு முடியவில்லையே, எதற்குக் கூப்பிட்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

ராஜாக்கண்ணு எழுந்து கும்பிட்டான். "கவுண்டரே, எங்களுக்குள்ள வழக்கு ஒண்ணும் இல்லைங்க. சம்பந்தி வூட்ல எங்க வூட்டுச் சாமையை ஆக்கித் துன்னுட்டாங்க. மருமவளை அனுப்பி வெச்சா கூட்டினு போய்டுவோம்."

"உன் சாமையை எவன்டா துன்னான்?" என்று நான் பாய்ந்தேன்.

"உன் வூட்டுக்காரனைக் கேளு. சந்தையில டீ வாங்கிக் குடுத்து, மூணு படி அளந்து குடுத்தேன். பார்த்த ஆளுங்க இதோ இருக்கறாங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா சின்னதம்பி, வாங்கினியா?" என்றார் கவுண்டர்.

"வாங்கினேங்க."

"வழக்கம் தெரியுமில்ல?"

"தெரியும்ங்க. யாருக்கும் சொல்லமாட்டேன், புள்ளைக்கு ஆக்கிப் போடுன்னு சம்பந்தி சொன்னாரு. புள்ள மயங்கி வுழுந்த நேரம்ங்க. பசிச்சுது" என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. ஆனாலும் வாய் சுற்றவில்லை. "அதைத் துன்னவ நானு, ஆக்கினவ நானு. மூணு படிக்கு முப்பது படி திருப்பித் தர்றேன். இதுக்காக என் பொண்ணைத் தூக்கிக் குடுக்கணுமா? அவ முதுகை வந்து பாருங்கய்யா. இங்கயே காட்டச் சொல்றேன்" என்று கத்தினேன்.

கவுண்டர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அவர் நிஜமாகவே வருத்தத்தோடுதான் சொன்னார். "துன்னதைத் திருப்பித் தரமுடியாது செல்லி. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள பொண்ணு அங்க போவணும். இல்லைன்னா பேச்சை மீறினதுக்கு ரெட்டிப்பாக் கட்டணும், எம்பதாயிரம். ரெண்டும் இல்லைன்னா ஊர்ல உங்களுக்கு எடம் இல்ல."

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரை நான் பேசாத பேச்சு இல்லை. ஒரு வருஷம் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிச் சேர்த்ததை மூன்று படி சாமைக்கு விற்றுவிட்டாயே பாவி என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "நீ வயிறாரச் சோறு போட்டிருந்தா, நான் ஏண்டி அவன்கிட்ட கை நீட்றேன்?"

உட்கார்ந்து யோசித்தேன். புளியமரம் இரண்டையும் பத்து வருஷத்துக்கு எழுதிக் கொடுக்கலாம். அவர் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போகலாம். நானும் மகளும் ஒரு வேளை கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன். தேவயானி அடுப்புக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு வேளை போதும்டி, நாம சாவமாட்டோம்" என்றேன். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். நான் அதை நம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் மரத்தடியில் புளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். மங்கம்மாள் ஓடிவந்தாள். "ஏ செல்லி, உன் பொண்ணு துணி மூட்டையோட பஸ்ஸுக்கு நிக்கிறாளே, எங்க போறா?"

கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். நான் ரோட்டைத் தொடும்போது பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கையைக் காட்டிக் கத்தி, நிறுத்தி ஏறினேன். உள்ளே சந்தைக்குப் போகிற கூட்டம், பலாப்பழமும் கோழியுமாக. தேவயானி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கல்யாணப் புடவையைக் கட்டியிருந்தாள், சனியன். பக்கத்தில் இருந்த கிழவரை எழுப்பிவிட்டு அங்கே உட்கார்ந்தேன்.

"எறங்குடி."

"மாட்டேம்மா."

"எம்பதாயிரம் நான் கட்றேன். எப்படியாவது கட்றேன். எறங்கு."

அவள் அழவில்லை. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "அங்க அடி இருக்குது, சோறும் இருக்குது. இங்க அடி இல்ல, சோறும் இல்ல. ரெண்டையும் பார்த்துட்டேன்மா. என்னை வெச்சினு நீங்க ரெண்டு பேரும் செத்துப்போவீங்க. அப்பா எலும்பை எண்ணலாம். என்னால பார்க்க முடியல."

பஸ் வளைவுகளில் ஆடிக்கொண்டே போனது. அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கிவிட்டது. இவளை அடியிலிருந்து மீட்கிறேன் என்று நான்தான் இவளைப் பட்டினி போட்டிருக்கிறேன். நாற்பதாயிரம் கட்டினாலும் எண்பதாயிரம் கட்டினாலும் மிஞ்சுவதற்கு இதில் என்ன இருக்கிறது? இன்னும் எத்தனை காலம் கட்டுவது, எதைத் தின்று கட்டுவது?

ஆலங்கொல்லை நிறுத்தம் வந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். வெளியே மரத்தடியில் பார்த்திபன் பைக்கின் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். தேவயானி மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

நான் எழவில்லை.

"வழி வுடும்மா."

முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காலை நீட்டி அடைத்துக்கொண்டேன்.

"அம்மா, எல்லாரும் பாக்கறாங்க. ஊரை விட்டுத் தள்ளிடுவாங்கம்மா. அப்பா ஒண்டியா இன்னா பண்ணுவாரு?"

"பானையில முப்பத்தி மூணாயிரம் இருக்குது. எடுத்து சோறாக்கித் துன்னட்டும். அப்பறமா நம்மளைத் தேடினு வரட்டும்."

"எறங்கறாங்களா இல்லையாம்மா?" என்று கண்டக்டர் பின்னாலிருந்து கத்தினார்.

"இல்ல, போப்பா!" என்று அவரைவிடச் சத்தமாகக் கத்தினேன். பார்த்திபன் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே பஸ்ஸை நோக்கி நடந்து வந்தான். விசில் கேட்டது. பஸ் நகர்ந்தது. தேவயானி என் மடியிலேயே விழுந்தாள். அவள் அழுத அழுகையில் யாரோ ஒருத்தர் கூடையிலிருந்த கோழிகூடக் கத்தத் தொடங்கியது. ஊர் போயிற்று, வீடு போயிற்று, நாளைக்கு என் வீட்டுக்காரரைக் கோயில் முன்னால் நிறுத்துவார்கள். இரண்டு புளியமரமும் யார் யார் கைக்கோ போகும். என்னிடம் ஒரு ரூபாய்கூட இல்லை.

கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். "எங்கம்மா போவணும்?"

எங்கே என்று எனக்கு என்ன தெரியும்? மலையை விட்டு இறங்கினால் எனக்கு ஒரு மனிதரையும் தெரியாது.

"அடியும் இருக்கக் கூடாது, சோறும் கெடைக்கணும். அந்த மாதிரி எந்த ஊரு இருக்குதோ, அங்க எறக்கி வுடுப்பா" என்றேன்.

அவர் என்னை ஒரு முறை பார்த்தார், மடியில் கிடந்தவளை ஒரு முறை பார்த்தார். பிறகு பெண்களுக்குக் கொடுக்கிற காசில்லாத டிக்கெட் இரண்டைக் கிழித்து என் கையில் வைத்துவிட்டு, "போளூர் வரைக்கும்தான்மா போவும்" என்றார்.