தோணிக்காரிக்குப் பூட்டு

இன்றைக்குத் தோணிக்காரியைத்தான் எடுக்க வேண்டும் என்று வண்டியைக் கிளப்பும்போதே சிவகணேஷ் முடிவு செய்திருந்தான். மனைவி விஜயஸ்ரீ போன பிறகு அவனாக எடுத்த முதல் முடிவு அது. மற்ற முடிவுகளையெல்லாம் பிறர் எடுத்தார்கள். அவன் சரி என்றான்.

ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. காரியம் முடிந்த கையோடு அவன் அம்மா ஆவுடைத்தாய் பீரோவைத் திறந்து சேலைகளையெல்லாம் மூட்டை கட்டி, ஒன்றுவிட்ட தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். "கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா நீ எப்படிய்யா தேறுவ?" என்றாள். சரி என்றான். குளியலறைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பொட்டுகளைச் சுரண்டி எடுத்தாள். அதற்கும் சரி. அலுவலகத்தில் அவன் வந்து நின்றால், வீட்டுக்காரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் கிரிக்கெட்டுக்குத் தாவினார்கள். நாலு பேர் இருந்த வாட்ஸ்அப் குழுவை அலெக்ஸ் கலைத்துவிட்டுப் புதிதாக ஒன்று தொடங்கினான். அதில் மூன்று பேர். எல்லோரும் நல்லவர்கள். சத்தம் வராமல் அவளை அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

அலெக்ஸ் அவனோடு கல்லூரியில் படித்தவன். மணப்பாட்டுக்காரன். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. அவன் மனைவி ஃபெமினாவுக்கு ஸ்ரீவைகுண்டத்தில் ஆசிரியை வேலை என்பதால் அங்கேயே அணைக்கட்டுக்குப் பக்கத்தில் வாடகை வீடு. மாதத்தில் ஒரு ஞாயிறு, அவர்கள் பூசைக்குப் போய் வந்ததும், இரண்டு ஜோடிகளும் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு லேப்டாப்பை விரித்து உட்கார்வார்கள். ஆட்டத்தின் அசல் பெயர் யார் வாயிலும் நுழையாது. கோட்டை ஆட்டம் என்பார்கள். சூனியக்காரர்களும் அரக்கர்களும் பறக்கும் பாம்புகளும் உள்ள தேசம். தொடக்கத்தில் எட்டு முகங்கள் வட்டம் வட்டமாக வந்து நிற்கும். ஒருவரைத் தலைவராக எடுத்துக்கொண்டு, ஒரு கோட்டையும் கொஞ்சம் படையுமாகக் கிளம்பி, முறை வைத்து நகர்த்தி, அடுத்தவர் கோட்டைகளைப் பிடிக்க வேண்டும். தலைவர் விழுந்தால் ஆடுகிறவருக்கு ஆட்டம் முடிந்தது.

சிவகணேஷ் எப்போதும் குதிரை வீரனை எடுப்பான். வேகம், பலம், யோசிக்க வேண்டாம். விஜயஸ்ரீ எடுப்பது தோணிக்காரியை. அந்தப் பெயரும் அவள் வைத்ததுதான். கையில் ஒரு துடுப்பு, கூட ஒரு படகு, நோஞ்சான்களாகக் கொஞ்சம் ஆட்கள். தண்ணீரில்தான் வேகம், தரையில் ஆமை. இந்த ஆட்டத்தின் ரசிகர்கள் இணையத்தில் போடும் வரிசை எதை எடுத்தாலும் கடைசி இடம் அவளுக்குத்தான்.

"என்னத்தக் கண்டு எப்பப் பாத்தாலும் இவளையே எடுக்க?" என்று ஒருமுறை கேட்டான்.

"மூஞ்சியப் பாருங்க. ஒரு எகத்தாளம் இருக்குல்லா? அது போதும்."

அந்த எகத்தாளத்தை வைத்துக்கொண்டு மூன்று பேரையும் மாற்றி மாற்றித் தோற்கடித்தாள்.

பங்குனி வெயில் காலையிலேயே முதுகில் ஏறிவிட்டது. அலெக்ஸ் வீட்டுக்குள் அவன் நுழைந்தபோது மேசையில் நாலாவதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஃபெமினாவின் பள்ளியில் ஓவிய ஆசிரியர், நேசையா. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருக்கிற மனிதர். மகனிடம் இரவல் வாங்கிய லேப்டாப்பைத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. ஆள் குறையுதுன்னு டீச்சர் கூப்பிட்டாவ. வந்துட்டேன். ஒண்ணும் தெரியாது, கேட்டுக் கேட்டுத்தான் ஆடுவேன். வையக்கூடாது."

ஆள் ஏன் குறைகிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருந்தது.

அலெக்ஸ் ஆட்டத்தைத் திறந்து மற்றவர்களைச் சேர்த்தான். முகங்கள் வந்தன. ஏழு. எட்டாவது வட்டம் சாம்பல் நிறத்தில் இருந்தது. நடுவில் சின்னதாக ஒரு பூட்டு.

சிவகணேஷ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர் நினைத்தால் எந்தத் தலைவரையும் ஆட்டத்திலிருந்து விலக்கிப் பூட்டிவிடலாம். இத்தனை காலத்தில் அலெக்ஸ் யாரையும் பூட்டியதில்லை. இப்போது அவன் தன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஃபெமினா தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.

"எடு மக்கா. ஒனக்குக் குதிரைதான?"

வாய் தானாகச் சொல்லிற்று. "சரி."

ஆட்டம் தொடங்கியது. குதிரை வீரனை அங்கும் இங்கும் நகர்த்தினான். விரல் நகர்ந்தது, அவன் அங்கே இல்லை. நேசையா ஒரு பெருந்தொந்தி அரக்கனை எடுத்துக்கொண்டு, அதற்குப் பூதத்தான் என்று பெயரும் வைத்தார்.

"எங்கூடப் படிச்சவன். இதே தொந்தி. பாத்தாம்னா என் மேல கேஸ் போட்டுருவான்."

ஃபெமினா சிரித்தாள். அலெக்ஸும் தேவைக்கு அதிகமாகவே சிரித்தான்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். நேசையா தட்டுத் தடுமாறி ஒரு கோட்டையைப் பிடித்தார். கைதட்டிக்கொண்டார். அந்த உற்சாகத்தில்தான் கேட்டார்.

"ஏலே அலெக்ஸ், மொதல்ல மூஞ்சியெல்லாம் வந்துச்சே, கடைசி ஒண்ணுல பூட்டு தொங்குச்சு. அது என்னது? காசு கட்டணுமோ?"

அலெக்ஸ் தடுமாறினான். "அதெல்லாம் இல்ல சார். அவ சும்மா... ஒண்ணுக்கும் ஆக மாட்டா. இருந்தும் பிரயோஜனம் இல்ல. அதான் தூக்கிட்டேன்."

சிவகணேஷ் மவுஸை விட்டுக் கையை எடுத்தான்.

"அவகிட்ட நீ எத்தன தடவல தோத்திருக்க?" என்றான் சிவகணேஷ்.

அலெக்ஸ் நிமிர்ந்தான். "லே, நான் அந்த அர்த்தத்துல..."

"பூட்ட எடு."

"இப்ப எடுக்க முடியாதுல. ஆட்டத்தக் கலைச்சுட்டு மொதல்லருந்து வரணும்."

"கலை."

"ஏ அய்யா," என்று பதறினார் நேசையா. "இப்பதாம்வே ஒரு கோட்டையப் பிடிச்சேன்! மூச்சு வாங்கிப் பிடிச்சிருக்கேன்."

"ஒனக்காகத்தாம்ல செஞ்சேன்," என்றான் அலெக்ஸ். "அத பாத்தா நீ ஒடஞ்சு போயிருவியோன்னு..."

"தெரியும். எல்லாரும் எனக்காகத்தான் செய்யுதீய. ஆளுக்கொண்ணா எடுத்துட்டுப் போறீய. வீட்டுல அவளோட ஒரு ஊக்கு கெடயாது. நான் இன்னைக்கு வந்ததே அவள எடுத்து ஆடணும்னுதாம்ல. இதயாவது விட்டு வை."

இவ்வளவு நீளமாக அவன் பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஃபெமினா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நேசையாவின் காதருகே குனிந்து இரண்டு வார்த்தை சொன்னாள். அவர் முகம் சுருங்கிற்று. பிடித்த கோட்டையை ஒருமுறை பார்த்தார்.

"கலைச்சிரு தம்பி," என்றார். "கோட்டைதான. போட்டும்."

மறுபடி முகங்கள் வந்தன. எட்டு. கடைசி வட்டத்தில் துடுப்பைத் தோளில் சாய்த்தபடி அவள் நின்றாள். உதட்டோரம் ஒரு கோணல். சிவகணேஷ் அவளைத் தொட்டான்.

தொட்ட பிறகுதான் தெரிந்தது, அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று. படகு ஆற்றின் கழிமுகத்தில் நின்றது. இங்கிருந்து விஜயஸ்ரீ எங்கே போவாள்? முதலில் ஆள் சேர்ப்பாளா, மரம் வெட்டுவாளா? பக்கத்து நாற்காலியிலேயே எத்தனையோ ஞாயிறுகள் உட்கார்ந்திருக்கிறான். தன் குதிரையைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. தோற்ற பிறகுதான் அவள் எங்கிருந்து வந்தாள் என்று தேடுவான்.

ஆட்களைக் கரையில் இறக்கினான். அவர்கள் ஊர்ந்தார்கள். ஃபெமினாவுக்குப் பொறுக்கவில்லை.

"அவ இப்படி எறக்க மாட்டா அண்ணே."

"பின்ன எப்படி?"

"தெரியலையே. நான் எட்டிப் பாத்தா கையால மறச்சுக்கிடுவா. போடி, ஒன் சோலியப் பாத்துக்கிட்டுன்னு."

"எங்கிட்டயும் சொன்னதில்ல," என்றான் அலெக்ஸ். "கடல்காரன் நீ, தோணியப் பத்தி ஒனக்குச் சொல்லித் தரணுமான்னு கேப்பா. எங்க ஐயா கடலுக்குப் போனாரு, நான் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கேன், எனக்கு என்ன தெரியும்?"

மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு மூன்று பேரும் நிறுத்திக்கொண்டார்கள். அவள் பேச்சு அந்த மேசையில் வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

நேசையாவின் பூதத்தான் மலையிறங்கி வந்தான். இந்தமுறை அவர் வேகமாகக் கற்றுக்கொண்டிருந்தார். நேராகக் கழிமுகத்துக்கே வந்துவிட்டார். தோணிக்காரி படகோடு கரையில் தனியாக நின்றாள். ஆட்கள் தூரத்தில் சேற்றில் கிடந்தார்கள். பூதத்தான் ஓர் எட்டு எடுத்து வைத்தால் போதும்.

நேசையாவின் கை மவுஸின் மேல் நின்றது. அலெக்ஸைப் பார்த்தார். அலெக்ஸ் தலையை லேசாக ஆட்டினான். வேண்டாம் என்று.

பூதத்தான் திரும்பி மலைப்பக்கம் நடந்தான்.

"அங்கன ஒரு தங்கச் சுரங்கம் கெடக்கு," என்றார் நேசையா. "அத மொதல்ல பாத்துட்டு வாரேன்."

அங்கே சுரங்கம் எதுவும் இல்லை என்பது மேசையில் எல்லோருக்கும் தெரியும். பூட்டை எடுத்துவிட்டார்கள். பூட்டு போகவில்லை.

"சார். முறைய முடிச்சிராதீங்க. திரும்பி வாங்க."

"இல்ல தம்பி, எனக்குச் சரியா ஆடத் தெரியல..."

"நல்லாத்தான் ஆடுதீங்க. வந்து அடிங்க."

"லே மக்கா," என்றான் அலெக்ஸ்.

"அவள யாரும் பாவம் பாத்து விட்டது கெடயாது. யாராவது விட்டா மூணு நாள் பேச மாட்டா. அடிங்க சார்."

நேசையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அதற்கு மேல் யாரையும் பார்க்கவில்லை. பூதத்தான் திரும்பினான், ஓர் எட்டு வைத்தான், கதாயுதத்தைத் தூக்கி இறக்கினான். படகின் ஒரு பக்கம் பிளந்தது. தோணிக்காரியின் உயிர்க்கோடு சரசரவென்று இறங்கி, சிவப்பில் ஒரு நூல் அளவுக்கு வந்து நின்றது. ஃபெமினா கண்ணை மூடிக்கொண்டாள்.

"என் முறை முடிஞ்சுது," என்றார் நேசையா, மெதுவாக.

சிவகணேஷ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். உடைந்த படகைப் பார்த்தான். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தான். இடது கையை எடுத்துத் திரையின் ஓரத்தை மறைத்துக்கொண்டான்.