நாற்பது வெற்று வரிகள்

படகுக்காரரின் துடுப்பில் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தின் எண் தானாக எழுதப்பட்ட அன்று, ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. எண் 21,481. துடுப்பின் பிடிக்குக் கீழே, இடது பக்கம், கறுப்பு மையில், அரிசி அளவு எழுத்தில் இருந்தது. ஏதோ பூச்சி முட்டை என்று படகுக்காரர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். போகவில்லை. பத்தொன்பது நாள் கழித்து ஆறு தன் இடத்தை விட்டு எழுந்து, நான்கு மைல் தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது. படகுக்காரர் துடுப்பைத் தோளில் சாய்த்தபடி நடந்தே வந்து, அருங்காட்சியகத்தின் பின்வாசல் மேசையில் கிடத்தினார். "இது உங்களுதுன்னு எழுதியிருக்கு," என்றார். ரசீது வாங்கிக்கொண்டு போனார்.

ரசீது எழுதிக் கொடுத்தவள் அங்கே பதிவெழுத்தராக இருந்தாள். பொடிப்பொடியாக எழுதுவாள் என்பதால் எல்லோரும் அவளை எறும்பு என்றே கூப்பிட்டார்கள். அவளுடைய கணவன் உட்பட. உள்ளே வரும் ஒவ்வொரு பொருளுக்கும் எண் கொடுப்பது அவள் வேலை. பார்ப்பவர் கண்ணில் படாத, கை பட்டுத் தேயாத இடமாகத் தேர்ந்தெடுத்து முதலில் ஒரு பூச்சு வார்னிஷ். அது காய்ந்த பிறகு எண். எண்ணின் மேல் இன்னொரு பூச்சு. வேண்டும்போது பொருளுக்குச் சேதமில்லாமல் அழிக்க முடிய வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. துடுப்பைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் வார்னிஷ், மேலே வார்னிஷ், நடுவில் அவளுடைய எழுத்து. இரண்டுக்கு அவள் போடும் சுழிகூட அப்படியே இருந்தது. அந்தத் துடுப்பை அவள் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

பதிவேட்டை எடுத்தாள். அப்போது நடப்பில் இருந்த எண் 21,700ஐத் தாண்டியிருந்தது. பின்னோக்கிப் புரட்டினாள். 21,480க்கு அடுத்த வரியில் 21,521 இருந்தது. நடுவில் தாள் தடித்திருந்தது. நான்கு மாதத்துக்கு முன் கிழிந்த ஓரம் ஒன்றை மாவுப் பசையால் ஒட்டிவிட்டு, காய்வதற்குள் பதிவேட்டை மூடியது அவள்தான். எலும்புக் கத்தியால் மெல்லப் பிரித்தபோது எண் மட்டும் அச்சிட்ட நாற்பது வெற்று வரிகள் வெளிச்சத்துக்கு வந்தன.

இப்படித் தவறு நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. பக்கத்தின் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, அருங்காட்சியகக் காப்பாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு வரி நிரம்பிவிட்டாலும் அந்தப் பக்கத்தை ரத்து செய்ய முடியாது. எறும்புக்கு இதெல்லாம் மனப்பாடம். ஆனால் பதினோரு வருடத்தில் அவள் ஒரு பிழைகூடச் செய்ததில்லை. போன வாரம்தான் காப்பாளர் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லியிருந்தார். அவள் காது வரை சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள். இப்போது எந்த முகத்தோடு போய் நிற்பது? துடுப்பு வேறு மேசையில் கிடந்தது. முதல் வரியில் 'துடுப்பு, மரம், ஒன்று' என்று எழுதிவிட்டாள்.

அதன் பிறகு மற்ற எண்கள் ஒவ்வொன்றாகத் தங்களுக்கான பொருளைத் தேடிக்கொண்டன. பொருளின் மேல் எண் தோன்றும். சில வாரத்தில் அந்தப் பொருள் எதற்காக இருந்ததோ அது முடிந்துவிடும். பிறகு பொருள் பின்வாசலுக்கு வந்து சேரும். ஆட்சி மன்றத் தலைவரின் நாற்காலியை இரண்டு சிப்பாய்கள் தூக்கி வந்தார்கள். ரசீது வேண்டாம் என்றார்கள். மன்றம் அதன் பின் கூடவில்லை. சில மாதத்தில் மக்களுக்கும் பழகிப்போனது. பூட்டுக்காரர் தெருவின் பெயர்ப்பலகை வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே, அந்தத் தெருவுக்கு முந்தைய தெருவிலிருந்து ஓரெட்டு வைத்தால் அதற்கு அடுத்த தெரு வந்தது. அந்தத் தெருவில் பெண் கொடுத்தவர்கள் மட்டும் சில நாள் அங்கே வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். வானொலியில் செய்தி வாசிப்பவருக்குத் தொண்டையில், காலருக்குக் கீழே எண் வந்தது. அவர் தன் குரலை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு எடுத்து வந்து, விரலால் மூடியைத் தட்டிக் காட்டினார். எறும்பு பதிவு செய்தாள். நிலை என்ற இடத்தில் 'நன்று' என்று எழுதினாள்.

முப்பத்தாறாவது வரிக்கு ஒரு தபால்காரர் வந்தார். முழுதாகவே வந்தார். பையும் தொப்பியுமாக மேசையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "எங்க நிக்கணும்?" என்று கேட்டார். அவரை இப்போதும் இரண்டாம் மாடியில் கண்ணாடிக்குள் பார்க்கலாம். சட்டைப் பை மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. நாட்டில் கடிதம் போடும் வழக்கம் அதற்கு முந்தைய வாரமே நின்றிருந்தது. அன்று முதல் எறும்பு சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டாள். மீதி நான்கு வரிகள் இருந்தன.

அவள் கணவன் பஸ் டிரைவர். மலையடிவாரச் சுரங்கப் பாதை வழியாகப் போய்வரும் பஸ்ஸைப் பன்னிரண்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தான். அவள் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவனே பேசுவான். மாதத்துக்கு ஒரு ஞாயிறு காலையில் ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு அவனுக்கு அவளே முடி வெட்டிவிடுவாள். மீதி நான்கில் மூன்று வரிகள் நிரம்பிவிட்டிருந்த ஒரு ஞாயிறு, கத்தரிக்கோல் பிடரிக்கு வந்ததும் நின்றது.

"என்ன, காதை வெட்டிட்டியா? இன்னொண்ணு இருக்கு, பரவாயில்ல."

முடியின் ஓரத்துக்குக் கீழே, இடது பக்கம், 21,520 என்று இருந்தது. அவளே இடம் பார்த்திருந்தாலும் அங்கேதான் எழுதியிருப்பாள். பீரோவிலிருந்து வார்னிஷைக் கரைக்கும் அசிட்டோன் புட்டியையும் பஞ்சையும் எடுத்து வந்து துடைத்தாள். சுத்தமாகப் போனது. அவன் டீ குடித்து முடிப்பதற்குள் திரும்பி வந்தது. நான்கு தடவை துடைத்தாள். ஐந்தாவது தடவை தோல் சிவந்துவிட்டது.

"எரியுதுடி. என்னதான் இருக்கு அங்க?"

"நம்பர்," என்றாள். பிறகு பசையில் தொடங்கித் தபால்காரர் வரை எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான். "ஊர்ல அத்தனை பேரு இருக்க, கடைசி நம்பர் நம்ம வீட்டுக்கா வரணும்?" என்றான். அப்புறம், "மீதி முடியை வெட்டிடு. பாதியோட நிக்க வைக்காதே," என்றான்.

மறுநாள் காலை அவள் காப்பாளரின் அறைக்குப் போய்ப் பதிவேட்டை மேசையில் விரித்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். தன் வீட்டு வானொலியில் செய்தி நின்றது எதனால் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"முதல் நாளே வந்திருந்தா ஒரு கோடு போட்டிருக்கலாமேம்மா."

"பயமா இருந்தது சார்."

"யாருக்கு? எனக்கா? நான் என்ன புலியா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எண் வந்தாச்சுன்னா நம்ம சொத்து. இனி என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"என் வீட்டுக்காரர் சார் அது."

"தபால்காரரும் யாரோ ஒருத்திக்கு வீட்டுக்காரர்தானே."

எறும்பு பதிவேட்டின் கடைசி வரியில் விரலை வைத்தாள். பிறகு, முந்தைய இரவு முழுக்கத் தூங்காமல் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். அதுவரை வந்த முப்பத்தொன்பதும் முடிவு வந்த பிறகு மேசைக்கு வந்தவை. மேசைக்கு வந்த பிறகு பதிவில் ஏறியவை. முடிவு வருவதற்கு முன்பே பதிவில் ஏற்றிவிட்டால் வரி நிரம்பிவிடும். அதற்கப்புறம் அவனைக் கொண்டுவந்து சேர்க்க எந்த முடிவும் வர வேண்டியதில்லை. பதிவான பொருளை வெளியிடத்துக்கு இரவல் கொடுக்க விதி இருக்கிறது. இரவல் வாங்குபவர் தனி நபராக இருக்கக்கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை.

காப்பாளர் பேனாவைத் திறந்தார். "கையெழுத்து போடறேன். ஆனா நிபந்தனைன்னா நிபந்தனைதான். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது," என்றார்.

அன்று மதியமே டிரைவரைப் பின்வாசல் மேசையில் படுக்க வைத்து அளவெடுத்தாள். உயரம், எடை, தலைச் சுற்றளவு. எழுத எழுத அவன் கழுத்தை நீட்டிப் பதிவேட்டை எட்டிப் பார்த்தான்.

"சேதம்னு ஏதோ எழுதறியே, என்ன சேதம்?"

"முன்பல்லு."

"அது உன்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடியே போனது. உன் வீட்டு ஆளுங்களுக்கும் தெரியும்."

"சரி, பழைய சேதம்னு மாத்தறேன். அசையாம இருங்க."

'மனிதர், ஆண், ஒன்று. பழைய சேதம் தவிர முழுமை.' கடைசி வரி நிரம்பியது. இரவல் படிவத்தில், பெறுபவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மாலை இருவரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள்.

அந்த மாதம் சுரங்கப் பாதையில் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மாதமும் நடக்கவில்லை. என்ன நடக்கவிருந்தது என்பது யாருக்கும் தெரியாது. இருவரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

நிபந்தனைகள் பதினான்கு இருந்தன. பொருளை நேர் வெயிலில் வைக்கக்கூடாது. அதிர்வுக்கு உட்படுத்தக்கூடாது. ஈரம், புகை, எண்ணெய் அருகே கூடாது. பருத்திக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. அதிர்வு கூடாது என்பதால் டிரைவருக்குப் பஸ் போனது. டிப்போவில் ஜன்னலில்லாத அறையில் நேரக் காப்பாளராக உட்கார்ந்தான். அடுப்படிக்குள் அவனை விடவில்லை. "இதை முன்னாடியே பண்ணியிருக்கலாம்," என்றான். ஜன்னல்களுக்குக் கனத்த திரை போட்டார்கள். அவன் வெள்ளை வெளேரென்று ஆனான். முதல் வருடம் ஒருநாள் எறும்பு கையுறையைக் கழற்றிவிட்டு அவன் தோளில் கை வைத்தாள். ஆண்டாய்வுக்கு வந்தவர் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்து, 'தோளில் விரல் தடம், நான்கு' என்று எழுதிக்கொண்டு போனார். அருங்காட்சியகத்தில் அவள் கையிலேயே எச்சரிக்கைக் குறிப்பு ஒன்றைக் கொடுத்தார்கள். மறுநாள் அலுவலகத்தில் அதன் நகலுக்கு எண் போட்டுக் கோப்பில் சேர்த்ததும் அவள்தான். அதன் பிறகு கையுறையைக் கழற்றவில்லை. வெள்ளிக்கிழமைகளில் துவைத்துக் காயப்போடுவாள்.

ஒவ்வொரு ஆண்டும் ஆய்வாளர் வந்தார். ஒவ்வொரு ஆண்டும் 'மாற்றமில்லை' என்று எழுதினார். எட்டாவது ஆண்டில்தான் எறும்புக்கு அந்தச் சொல் உறைத்தது. அவளுக்குக் காதோரம் நரைத்திருந்தது. அவனுக்கு முடி வெட்டி எட்டு வருடம் ஆகியிருந்தது. வெட்டத் தேவை வரவில்லை. பழைய காப்பாளர் ஓய்வு பெற்றுப் போய், ஒரு மழைக்காலத்தில் இறந்தார். புதியவர் வந்தார். இரவல்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டார். கடைத்தெருவில் அவளை அவனுடைய அக்கா என்றார்கள். பிறகு அம்மா என்றார்கள். இருவரும் யாரையும் திருத்தவில்லை.

அவள் ஓய்வு பெறும் வருடம், படியேறும்போது மூச்சு வாங்கியது. டாக்டர் இதயம் பெருத்திருக்கிறது என்றார். அதிக காலம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இரவல் படிவத்தை எடுத்து விதியைத் திரும்பப் படித்தாள். பெறுபவரின் காலத்துக்குப் பின் பொருள் திருப்பி ஒப்படைக்கப்பட வேண்டும்.

"நீ போயிட்டா நான் அங்கதானே போகணும்?" என்றான் அவன். அதைப் பல வருடம் முன்பே படித்துவிட்டிருந்தான்.

"ஆமா."

"அழாதே. மூச்சு வாங்கும். எங்க நிக்க வைப்பாங்கன்னு ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரலாம். ஜன்னல் பக்கமா கேளு."

"ஜன்னல் பக்கம் குடுக்க மாட்டாங்க. வெளிச்சம் ஆகாது."

"அப்ப அந்தத் தபால்காரர் பக்கத்துல வேணாம். அந்த ஆளு பேச மாட்டார்."

ஒரு ஞாயிறு மதியம், வெயில் மங்கிய பிறகு, குடை பிடித்து அவனை அழைத்துக்கொண்டு போனாள். இரண்டாம் மாடியின் கோடியில் அவனுக்கான பீடம் ஏற்கெனவே இருந்தது. முன்னால் விளக்க அட்டை வைத்திருந்தார்கள். கீழே 'இப்பொருள் தற்சமயம் இரவலில் உள்ளது' என்று ஒரு சிறிய வரி. பீடத்தின் தூசியில் காலடி எதுவும் இல்லை. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பார்த்தான். முதலில் கையைக் கட்டினான். பிறகு தொங்கவிட்டான். "உயரம் சரியாத்தான் இருக்கு," என்றான்.

அப்போது ஒரு குடும்பம் வந்தது. அப்பா அட்டையைப் படித்தார். அவனை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். மனைவியிடம் ஏதோ சொன்னார். அடுத்த கண்ணாடிப் பெட்டிக்குப் போனார்கள். அவர்கள் போகும் வரை அவன் மூச்சு விடவில்லை. அவர்களுக்காக நடிக்கிறான் என்றுதான் எறும்பு நினைத்தாள்.

"சரி, வாங்க. மூடற நேரம் ஆச்சு," என்றாள்.

அவன் இறங்கி வரச் சற்று நேரம் பிடித்தது. கையுறை போட்ட கையை நீட்டியபடி அவள் காத்திருந்தாள்.