தபால் பெட்டியின் மேல் எலிசபெத்

1.
இந்தக் கதை எனக்குப் பயத்திலிருந்து கிடைத்தது. போன கிழமை, பிளாக்ஹவுஸ் பே என்ற புறநகரில், என் தங்கை கௌரியின் வீட்டில். பயம் இன்னும் போகவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பல நூறு ஆண்டுகளுக்கு முன் லண்டனில் ஒருவன் வெள்ளித் தகட்டின் மேல் சுத்தியலை ஓங்கினான், அப்போது'

அழகான வரிதான். ஆனால் அந்த ஆளை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவர் கௌரியின் கணவர் சோதிலிங்கம். டியூடர் அரசர்கள் காலத்து இங்கிலாந்து வெள்ளிக் காசுகளைச் சேர்ப்பவர். கையால் அடித்த காசுகள் என்பதால் ஒன்றைப்போல் இன்னொன்று இராது. அவருக்குப் பிடித்தது முதலாம் எலிசபெத் அரசியின் ஆறு பென்ஸ் காசு. அடிக்கும்போது அச்சு வழுக்கியதில் அரசிக்கு இரண்டு மூக்கு. அதைத் தபால் பெட்டியின் மேல் வெயிலில் வைத்துப் படமெடுத்து, சேகரிப்பாளர்களின் இணையக் குழுவில் போட்டிருந்தார். படத்தில் வீட்டு இலக்கமும் பின்னால் தெருப் பலகையும் தெரிந்தன.

2.
அதன் பிறகு வீட்டு வாசலுக்கு வந்தவனுக்கு முதல் பிரதியில் கன்னத்தில் தழும்பு வைத்தேன். பொய். யன்னலால் தெரிந்தது சுத்தமாகச் சவரம் செய்த முகம், காலில் நல்ல சப்பாத்து. கதவுக்கு வெளியே நின்று ஆங்கிலத்தில் கேட்டான்: "உங்கள் கணவர் இருக்கிறாரா? அந்தக் காசைப் பார்க்க வேண்டும்."

"இவர் வரச் சொன்னவரோ தெரியேல்லை அக்கா. போன் எடுக்கிறாரில்லை" என்றாள் கௌரி. அவளுடைய கை என் கையைப் பிடித்திருந்தது.

"கதவைத் திறக்காதை."

(இங்கே எங்கள் அப்பாவைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. கௌரி அழிக்கச் சொன்னாள். அன்றைக்கு அவரைக் கூட்டிப்போக வீட்டுக்கு வந்தவர்களும் மரியாதையாகத்தான் கேட்டார்கள் என்ற வரியை மட்டும் விட்டுவைக்கிறேன்.)

அவன் போகவில்லை. மணியும் அடிக்கவில்லை. சும்மா நின்றான். நான் பொலிசுக்கு அழைக்கப் போனை எடுப்பதற்குள், கௌரி அலுமாரியைத் திறந்து அந்தக் காசை எடுத்து, யன்னல் இடுக்கால் வெளியே எறிந்தாள்.

"கொண்டு போகட்டும்! ஆள் போனால் போதும்!"

அவன் குனிந்து எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான். முதுகைத் திருப்பினான். பிறகு காசைக் கால்மிதியின் மேல் மெதுவாக வைத்துவிட்டுப் போனான்.

3.
இந்த இடத்தில் கதையை முடித்திருப்பேன். ஆனால் மாலையில் சோதிலிங்கம் வந்து காசைக் கையில் எடுத்தார்.

"நான் ஒருத்தரையும் வரச் சொல்லேல்லை" என்றார். பிறகு, "மச்சாள், இது என்ர இல்லை."

அரசிக்கு ஒரே மூக்கு. தலைக்குப் பின்னால் ரோசாப்பூ தெளிவாக இருந்தது. விளிம்பு எங்கும் வெட்டுப்படவில்லை. அவருடையதைவிடப் பல மடங்கு நல்ல காசு.

4.
அவன் ஒரு தாராளமான சேகரிப்பாளன் என்று ஒரு முடிவு எழுதினேன், கௌரி நம்பவில்லை. களவெடுத்ததை எங்கள் தலையில் கட்டிவிட்டான் என்று இன்னொன்று, சோதிலிங்கம் சிரித்தார். மூன்றாவது முடிவில் அவன் திரும்பி

வேண்டாம்.

இப்போது அவர்களின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருந்துதான் எழுதுகிறேன். சோதிலிங்கம் புதுக்காசைப் படமெடுத்துவிட்டார். 'தந்தவருக்கு நன்றி, யார் நீங்கள்?' என்று குழுவில் போட வேண்டுமாம்.

"கேட்டால்தானே தெரியும்?"

"கேட்டால் வருவான்" என்று கௌரி அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள். "ஆரெண்டு தெரியாமலே இருப்பம்."

"தெரியாமல் எப்பிடியப்பா நித்திரை கொள்ளுறது?"

இருவரும் என்னைப் பார்க்கிறார்கள். எனக்கு இரண்டும் பயம். வாசிக்கிறவரே, உங்களுக்கு அந்த வீட்டு இலக்கம் தெரியாது. அதனால் நிதானமாக யோசிக்க உங்களால் முடியும். சொல்லுங்கள், அந்தப் படத்தைக் குழுவில் போடச் சொல்லட்டுமா?